கேளுங்க, சொல்றேன்: ‘நோஸ்டைவ்’ எபிசோடும் நையாண்டிக் கதை கட்டுற வேலையும்

போன சனிக்கிழமை நாங்க கொஞ்சப் பேர் சேந்து ‘பிளாக் மிரர்’ தொடர்ல வாற ‘நோஸ்டைவ்’ பாத்தோம், மூணாவது சீசனோட முதல் எபிசோட், 2016 ஒக்டோபர்ல வந்தது. பாக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். அந்த ஊர்ல யாரைப் பாத்தாலும் ஃபோனை நீட்டி அஞ்சுக்கு இத்தனைன்னு ஸ்டார் போடுவாங்க, கண்ணுக்குள்ள வச்ச லென்ஸ்ல அந்த நம்பர் தெரியும், வீடு வேலை பிளைட் எல்லாம் அதை வச்சுத்தான். லேசிங்கிற பொண்ணுக்கு 4.2. அது 4.5 ஆனா அவ ஆசப்படுற வீட்டுக்கு 20 வீதம் கழிவு கிடைக்கும். அதுக்காக 4.8 வச்சிருக்க பழைய கூட்டாளியோட கல்யாணத்துக்குப் போறா, போற வழியிலயே எல்லாம் சரியுது.

நான் ஸ்கூல் பிள்ளைகளுக்கு நாடகம் எழுதிக் குடுக்குறவ, இந்த மாதிரி தொடர்கள சின்ன வயசுல இருந்து விடாம பாக்குறவ. கதை எப்படிக் கட்டியிருக்குன்னு கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி (ஹட்டன்ல இருந்து ஒரு தம்பி): அக்கா, லேசிக்கு நடக்குறது எல்லாமே தற்செயலா இருக்கே. பிளைட் கென்சல், காருக்கு சார்ஜ் இல்ல. இப்படி எழுதுறது லேசு வேலை இல்லையா?

பதில்: நல்ல கேள்வி தம்பி, இதுலதான் கொஞ்ச நேரம் நிக்கணும். கதையில தற்செயல் வரலாம், ஆனா ஆளக் காப்பாத்த வரக்கூடாது, மாட்டிவிட வரலாம். அதோட இன்னொண்ணு பாருங்க. பிளைட் கென்சல் ஆகுறது யாருக்கும் நடக்கும், அது தற்செயல். ஆனா அடுத்த பிளைட்ல இருக்க சீட் 4.2க்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும்தான், இவ காலையில தம்பியோட சண்ட போட்டு, ரோட்டுல ஒரு பொம்பளைய இடிச்சு, டாக்சிக்காரர வேற காக்க வச்சு அதுக்குக் கீழ போயிட்டா. கோவத்துல கெட்ட வார்த்த பேசுறா, உடனே செக்கியூரிட்டி வந்து ஒரு முழுப் புள்ளிய கழிக்கிறான். புள்ளி குறைஞ்சதால பழைய கார்தான் வாடகைக்குக் கிடைக்குது, பழைய கார்ங்கிறதால அதோட பிளக் வழியில சார்ஜ் போடுற இடத்துல பொருந்தல, அப்புறம் ரோட்டோரத்துல நின்னு கை காட்டுறா. முதல் தள்ளு மட்டும்தான் தற்செயல், அதுக்கப்புறம் ஒவ்வொரு படியிலயும் தள்ளுறது அந்த நம்பர். மழைக்கு மண்சரிவு வாற மாதிரின்னு வச்சுக்கங்களேன், மேல ஒரு கல்லு அசைஞ்சா போதும், மிச்சத்த மலையோட சரிவு பாத்துக்கும்.

இதுல இருந்து நான் எப்பவும் சொல்ற எச்சரிக்கை ஒண்ணு இருக்கு, இன்னைக்கும் திரும்பத் திரும்ப சொல்லுவேன்: கதை உலகத்துல ஒரே ஒரு விதிய மட்டும் மாத்துங்க. மத்தது எல்லாம் நம்ம வீட்டுல இருக்க மாதிரியே இருக்கட்டும். லேசி வீட்டுலயும் சோம்பேறித் தம்பி ஒருத்தன் கேம் விளையாடிட்டுத்தான் இருக்கான்.

கேள்வி (பண்டாரவளை): இது சீனாவுல நடக்குறதுதானே? அதப் பாத்துத்தான் எடுத்தாங்களா?

பதில்: சீனாவுல 2014ல அரசாங்கம் இப்படி ஒரு நம்பகத் திட்டத்துக்கு வரைவு வெளியிட்டது உண்மை. ஆனா அது பெரும்பாலும் கடன் கட்டாதவங்க, கோட்டு உத்தரவ மீறினவங்க, கொம்பனிங்க பத்தின கறுப்புப் பட்டியல். சில ஊர்ல புள்ளி போட்டும் பாத்தாங்க. நாடு முழுக்க ஆளுக்கொரு நம்பர் தலைக்கு மேல தொங்குறது எல்லாம் அங்க இல்ல. அதுவும் போக, எபிசோட்ல அரசாங்கமே கண்ணுல படாதே, புள்ளி போடுறது பக்கத்து வீட்டுக்காரிதானே. டாக்சிக்கு ஸ்டார் போடுற விரல் நம்ம விரல்தான். ‘அது சீனா கதை’ன்னு சொல்லிட்டா நமக்கு அதுல பங்கில்லன்னு ஆயிடும், நையாண்டி செத்துப்போகும்.

கேள்வி (நுவரெலியா, ஏஎல் படிக்கிற தங்கச்சி): டீச்சர், சமூகத்த கேலி பண்ண நேராவே எழுதலாமே, எதுக்கு வேற்றுக்கிரகம் எதிர்காலம் எல்லாம்?

பதில்: நேரா எழுத விடமாட்டாங்கம்மா, அதான். அமெரிக்காவுல ரொட் செர்லிங்னு ஒரு எழுத்தாளர். 1955ல எம்மெட் டில்ங்கிற 14 வயசுக் கறுப்பினப் பையனைக் கொன்ன சம்பவம் மனசுல இருந்து அடுத்த வருசம் ஒரு டிவி நாடகம் எழுதுறார். விளம்பரம் குடுக்குறவங்களும் டிவிக்காரங்களும் ஊரை மாத்து ஆளை மாத்துன்னு சொல்லிச் சொல்லி கடைசில யாரைப் பத்தின கதைன்னே தெரியாமப் போச்சு. அதுக்கப்புறம் 1959ல அவர் தொடங்கினதுதான் ‘த ட்வைலைட் ஸோன்’. அதுல ஒரு எபிசோட், ஒரு தெருவுல கரண்ட் போகுது, எங்கயோ இருந்து வந்தவங்க நம்மகூட மனுசர் வேசத்துல இருக்காங்கன்னு ஒரு பேச்சு கிளம்புது, இருட்டினதும் அயல்வீட்டுக்காரங்க ஒருத்தர ஒருத்தர் கொல்லுற அளவுக்குப் போயிடுறாங்க. வேற்றுக்கிரகம்னு சொன்னதால யாரும் தடுக்கல, பாத்த சனத்துக்கு அது தங்களோட தெருதான்னு புரிஞ்சிது.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசில்ல. கூத்துல கோமாளி வேசம் கட்டினவன் ஊர்ப் பெரிய மனுசனையே கேலி பண்ணுவான். தேயிலைத் தோட்டத்துப் பாட்டுல கங்காணியையும் துரையையும் பாடினவங்க நேர்ல நின்னு வாய் திறக்க முடியாதவங்கதான்.

கேள்வி (பதுளை): ‘த ஓர்வில்’ங்கிற விண்வெளித் தொடர்ல வாற ‘மெஜோரிட்டி ரூல்’ எபிசோடும் இதே கதைதானே? எது நல்லாருக்கு?

பதில்: 2017ல வந்தது, ஆமா, அங்கயும் நெஞ்சுல பட்ஜ் குத்தியிருப்பாங்க, பிடிச்சா மேல் அம்பு, பிடிக்கலன்னா கீழ் அம்பு. ஆனா கட்டுமானம் வேற. அதுல விண்கப்பல்ல இருந்து வெளியாளுங்க அந்த உலகத்துக்குள்ள வாறாங்க, ஒருத்தன் விவரம் தெரியாம ஒரு சிலையோட ஆடிட்டு மாட்டிக்கிறான், டிவி டிவியாப் போய் மன்னிப்புக் கேக்குறான். வெளியாள் வந்து பாக்குற இந்த உத்தி ரொம்பப் பழசு, வசதியானது, ஏன்னா அவன் கேள்வி கேப்பான் உள்ளூர்க்காரி விளக்குவா, நமக்கும் புரிஞ்சிடும். நட்டம் என்னன்னா நாமளும் கப்பல்ல ஏறி வெளிய வந்துடுறோம். லேசி கதையில கப்பலே இல்ல. யாரும் எதையும் விளக்கல, இந்தப் புள்ளி எப்ப யார் கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு வார்த்த இல்ல. கண்ணாடி முன்னால நின்னு அவ சிரிச்சுப் பழகுறா, பிஸ்கட்டக் கடிச்சு கோப்பி பக்கத்துல வச்சு ஃபோட்டோ எடுத்துட்டு, குடிக்கும்போது முகத்தச் சுளிக்கிறா. அஞ்சு நிமிசத்துல உலகமே புரிஞ்சிடுது. எனக்கு இதுதான் பெருசு.

கேள்வி (மாத்தளை): எங்க டவுன்லோட் பண்றது?

பதில்: நெட்ஃபிளிக்ஸ்ல இருக்கு. வேற வழி என்கிட்ட கேக்காதீங்க.

கேள்வி (மஸ்கெலியா): ரோட்டோரத்துல நின்ன லேசிய ஏத்திக்கிற லொறிக்கார அம்மா எதுக்கு? அறிவுரை சொல்றதுக்கு மட்டும் வந்த மாதிரி இருக்கே.

பதில்: உண்மை பேசுற வெளியாள், எல்லா நையாண்டிக் கதையிலயும் வருவாங்க. வெறும் அறிவுரைன்னா நானும் வெட்டியிருப்பேன். ஆனா அந்தம்மா புருசனுக்கு புற்றுநோய், 4.3 வச்சிருந்தார், ஆஸ்பத்திரிக் கட்டில் 4.4 உள்ளவருக்குப் போயிடுது. அது வரைக்கும் வீட்டுக் கழிவு கல்யாணம்னு இருந்த நம்பர் அந்த இடத்துல உயிரா மாறுது. பாதிச் சிரிப்புல நம்மள நிறுத்துறதுக்குத்தான் அந்த லொறி.

கேள்வி (கம்பளை): இது சீனாவப் பத்தினதுன்னு சொல்றாங்களே உண்மையா?

பதில்: மேல பண்டாரவளைக்காரருக்கு சொல்லியிருக்கேன்.

கேள்வி (தலவாக்கலை, கதை எழுதுற ஒரு தங்கச்சி): அக்கா நான் ஒண்ணு யோசிச்சிருக்கேன். நம்ம தோட்டத்துல கொழுந்து எடுக்குற ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு பட்டி. எத்தனை கிலோன்னு அதுலயே விழும், அந்த நம்பர வச்சுத்தான் கோயில்ல எந்த வரிசை, பிள்ளக்காம்பராவுல (வேலைக்குப் போறவங்க குழந்தைங்கள விட்டுட்டுப் போற இடம்) இடம், கல்யாணத்துல எந்தப் பந்தி எல்லாம். எழுதலாமா?

பதில்: எழுதுங்க! நீங்க மாத்தினது ஒரே ஒரு விதி, அதான் எனக்கு உடனே பிடிச்சிடுச்சு. நமக்கு ‘பேர்’ங்கிற சொல்லே இருக்கே. இன்னைக்குப் பேர் விழுந்துச்சான்னு கேட்டா ஒரு நாள் வேலை செக்ரோல்ல, அதாவது வேலை நாள் பதியிற சம்பளப் புத்தகத்துல, ஏறிச்சான்னு அர்த்தம், சொன்ன கிலோ வரலன்னா அரைப்பேர். ஒரு மனுசிய அரைப்பேர்னு எழுதுற பழக்கம் ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கு, நீங்க அத மலையில இருந்து கோயிலுக்கும் பந்திக்கும் இழுத்துட்டு வாறீங்க, அவ்வளவுதான்.

கேள்வி (கண்டி): இது எனக்கு சரியாப் படல. ஏற்கெனவே தோட்டத்து லயன் வீடுகள்ல இருக்க சனத்த எல்லா நாடகத்துலயும் கேலிப்பொருளாத்தான் காட்டுறாங்க. நீங்களுமா? இதப் பாத்து சிரிக்கப்போறது யாரு?

பதில்: கோவம் நியாயம், ஆனா நான் ஒத்துக்கல. நையாண்டி அளவுகோல் மேல விழணும், அளக்கப்படுற ஆள் மேல விழக்கூடாது. என் அம்மா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனவங்க. நிறுவையில சாக்குக்கு இவ்வளவு தண்ணிக்கு இவ்வளவுன்னு கழிப்பாங்க, வெயில் காஞ்ச நாள்லயும் தண்ணிக்குக் கழிப்பாங்க. அம்மா வீட்டுக்கு வந்து அந்தத் தராசு மாதிரியே தலைய ஒரு பக்கம் சாச்சு நடிச்சுக் காட்டுவாங்க, நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தச் சிரிப்பு யார் மேல? அம்மா மேலயா?

கேள்வி (அதே கண்டிக்காரர்): உங்க வீட்டுக்குள்ள சிரிக்கிறது வேற, கொழும்புல இருக்கவன் பாத்து சிரிக்கிறது வேற. அந்த எபிசோட்லயே கடைசில லேசி சேறும் சகதியுமா கல்யாணத்துல வந்து கத்தும்போது அவளப் பாத்துத்தானே சிரிக்க வைக்கிறாங்க?

பதில்: இத யோசிச்சுப் பாத்தேன், பாதி நீங்க சொல்றது சரி. சேத்துல விழுற காட்சியெல்லாம் எனக்கும் உறுத்துச்சு, அங்க கதை அவள விட்டுட்டு நம்மகூட சேந்துடுது. ஆனா மைக்கப் பிடிச்சு பேசத் தொடங்கினதும் யாருக்கும் சிரிப்பு வராது. சின்ன வயசுக் காயமெல்லாம் கொட்டுது, அந்த நேரத்துல கூட விருந்தாளிங்க ஃபோன எடுத்து புள்ளி கொறைக்கிறாங்க. அதனால தங்கச்சி, இவர் சொன்னத எடுத்துக்கங்க: உங்க கதையில அந்தம்மா அழுக்கா இருக்கா, படிக்கலன்னு ஒரு சிரிப்புக் கூட வேண்டாம்.

கேள்வி (பொகவந்தலாவ, தோட்டத்துல கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதுற கணக்கப்புள்ளயா இருந்து ரிட்டையர் ஆன ஒரு ஐயா): நானும் முப்பது வருசம் நிறுவையில நின்னவன்மா. எல்லாப் பழியும் எங்க தலையில. நூறு கிலோ பச்சக் கொழுந்துக்கு இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு கிலோ தூள் வரணும்னு ஃபெக்டரியில கணக்கு. ஈரக் கொழுந்து போய் தூள் கொறஞ்சா கேள்வி கேக்குறது என்னைத்தான். கழிக்கலன்னா எனக்கு ஏச்சு, கழிச்சா சனத்துக்கிட்ட ஏச்சு. இத எந்தக் கதையில எழுதியிருக்காங்க?

பதில்: ஐயா, இது வரைக்கும் வந்ததுல பெரிய விசயம் இதுதான். அளக்குறவர் கையிலயும் ஒரு பட்டி இருக்குங்கிறீங்க. எபிசோட்ல ஒரு ஒஃபிஸ்காரன் வாறான், புள்ளி 3.1, எல்லாருக்கும் ஜூஸ் குடுத்து ஸ்டார் கேட்டுக் கெஞ்சுறான். லேசி இரக்கப்பட்டு ஸ்டார் போட்டதுக்கு அவளையே முறைக்கிறாங்க, இன்னும் கொறஞ்சதும் அவனுக்கு ஒஃபிஸ் கதவே திறக்கல. முறைச்சவங்களும் தங்களோட புள்ளிக்குப் பயந்துதான் முறைக்கிறாங்க. தங்கச்சி, கணக்கப்புள்ளைய வில்லனா எழுத வேண்டாம், நானே அப்படித்தான் எழுதியிருப்பேன், ஐயா சொன்னதால இப்ப மாத்திக்கிறேன். அவர் கைப்பட்டியில தூள் கணக்கு ஓடட்டும். ஐயா வெயில் நாள்ல தண்ணிக்குக் கழிச்சது தப்புதான், அது என் மனசுல இருந்து போகாது, ஆனா அப்படிக் கழிக்கச் சொல்லி உங்கள நெருக்கினது யாருங்கிறது கதையில வரணும்.

கேள்வி (கொட்டகலை): கண்ணுக்குள்ள அந்த லென்ஸ் எப்படி வேலை செய்யும்? பெட்டரி?

பதில்: உங்க பிசிக்ஸ் சேர்கிட்ட கேளுங்க. கதைக்கு அது வேலை செஞ்சா போதும்.

கேள்வி (ஹப்புத்தளை): மகன் நாள் முழுக்க ஃபோன். இந்த எபிசோட் காட்டினா திருந்துவானா?

பதில்: மாட்டான். மருந்தா குடுக்காதீங்க, கூட உக்காந்து பாருங்க. இந்தக் கதை ஃபோன் கெட்டதுன்னு சொல்லல, அத யாரும் அப்படி எழுதவும் வேண்டாம்.

கேள்வி (வெலிமடை): சீனாவுல இப்படி…

பதில்: மேல பாருங்க, மூணாவது தடவை.

கேள்வி (தலவாக்கலைத் தங்கச்சி): முடிவு எப்படி அக்கா? பட்டிய எல்லாரும் கழட்டி எறியிற மாதிரி வைக்கவா, இல்ல கனவுன்னு வைக்கவா?

பதில்: கனவு வேண்டவே வேண்டாம், அவ்வளவு நேரம் கூட வந்தவங்கள ஏமாத்துற வேலை அது. எல்லாரும் சேந்து எறியிறதும் வேண்டாம், அப்படி நடக்காதுன்னு வாசிக்கிறவங்களுக்குத் தெரியும். லேசிய ஜெயில்ல போட்டு கண்ணுல இருந்தத எடுத்துடுறாங்க, எதிர்க் கூண்டுல இருக்கவனும் அவளும் மாறி மாறி கெட்ட வார்த்தையில ஏசிக்கிறாங்க, ஏச ஏச ரெண்டு பேருக்கும் சந்தோசம், யாரும் புள்ளி போட இல்ல. பூட்டின கூண்டுக்குள்ளதான் விடுதலைங்கிறது பழைய உத்திதான், இங்க பொருந்துது, ஏன்னா முதல் காட்சியில பழகின பொய்ச் சிரிப்புக்கு அது நேர் எதிர்.

உங்களுக்கு நான் யோசிச்சது இது. நல்ல மழை, பட்டியெல்லாம் வேலை செய்யல, மூலையில கிடந்த பழைய தராசும் துருப்பிடிச்சு முள்ளு அசையல. அந்தம்மா சாக்க இறக்கி வைக்கிறா. கணக்கப்புள்ள எத்தனை கிலோன்னு அவளையே கேக்குறார், முதல் தடவையா. அவ ஒரு நம்பர் சொல்றா, அவர் எழுதிக்கிறார். என்ன நம்பர்னு எங்களுக்கு சொல்லாதீங்க, அவர் பேனா கொஞ்சம் நிக்குறத மட்டும் எழுதுங்க. முதல் காட்சிய எழுதி வைங்க, வாற சனிக்கிழமை வாசிப்போம், பொகவந்தலாவ ஐயாவும் கண்டிக்காரரும் கட்டாயம் வரணும். இங்க கரண்ட் வந்து வந்து போகுது, இன்னைக்கு நிறுத்திக்கிறேன்.