முதல் குண்டு கனமாகத்தான் இருக்கும்: வாசகர் கேள்வி-பதில்

புதுவயல் வாசகர்: அரிசி ஆலைப் பணத்தோடு அடிக்கடி வங்கிக்குப் போய்வருகிறேன். லைசென்ஸில் பழைய வால்தர் பிபி .32 பிஸ்டல் வாங்கினேன். முதல் குண்டுக்கு டிரிகர் கல்லாக இருக்கிறது. பின்னால் இருக்கும் ஹேமரை (குண்டை வெடிக்கவைக்கும் சுத்தியலை) ஏற்றிவிட்டால் லேசாகிவிடுகிறது. அப்படியே ஏற்றி இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா? ஸ்பிரிங்கை வெட்டித் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார்.

பதில்: இரண்டும் கூடாது.

1929-இல் வந்த அந்த மாடலில் நீங்கள் குறை சொல்லும் கனம்தான் உங்களுக்குக் காவல். ஹேமர் இறங்கியிருக்கும்போது ஒரே இழுப்பில் டிரிகர் அதைப் பின்னால் தூக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். அதுதான் டபுள் ஆக்‌ஷன். ஐந்தாறு கிலோ அழுத்தம் கேட்கும். குண்டு போனதும் ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பாகம்) பின்னால் வந்து ஹேமரை ஏற்றிவிடும். அடுத்த குண்டுக்கு இரண்டு, இரண்டரை கிலோ போதும். அந்த நிலையில் வேட்டி மடிப்பில் செருகினால் சட்டை நுனி மாட்டினாலே வெடிக்கலாம். கீழே இருப்பது உங்கள் தொடை.

சிஇசட் 75 போன்ற சில பிஸ்டல்களில் ஹேமரை ஏற்றி, சேஃப்டியும் (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டு வைக்கலாம். உங்களுடையதில் முடியாது, சேஃப்டி லீவரை இறக்கினால் ஹேமரும் இறங்கிவிடும். அதாவது ஏற்றி வைப்பதென்றால் சேஃப்டி இல்லாமல்தான். (சிஇசட்டுக்கு ஏங்க வேண்டாம். அது 9 மி.மீ., சாதாரண லைசென்ஸில் வராது.)

ஆகவே ஹேமர் இறங்கிய நிலை, முதல் குண்டு டபுள் ஆக்‌ஷன். வேறு யோசனை வேண்டாம். சேம்பரில் (குழலின் பின்முனையில் குண்டு உட்காரும் அறை) குண்டு ஏறியதும் ஹேமரை லீவரால் இறக்குங்கள், கட்டைவிரலால் பிடித்து இறக்கும் வீரம் வேண்டாம். லீவரையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். பழைய துப்பாக்கியில் உள்பாகம் தேய்ந்திருந்தால் இறங்குகிற ஹேமரே குண்டை வெடிக்க வைத்துவிடும். லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். அதன் பிறகும் இறக்கும்போதெல்லாம் குழல் மணல் வாளியைப் பார்த்தபடி இருக்கட்டும். உறையில் வைக்கும்போது கட்டைவிரலை ஹேமர் மேல் வையுங்கள். டிரிகரில் துணி சிக்கினால் ஹேமர் எழும்பும், விரலுக்குத் தெரிந்துவிடும். சுட்டு முடித்ததும் ஹேமரை இறக்க மறந்து அப்படியே உறையில் போடுவதும் பெரிய ஆபத்து.

ஸ்பிரிங்கை வெட்டினால் ஹேமர் அடி பலவீனமாகி, தேவைப்படும் நேரத்தில் குண்டு வெடிக்காமலும் போகலாம்.

1980-களில் இறக்குமதி அடைபட்டதிலிருந்து இங்கே பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிக்குச் சொன்னதுதான் விலை. அவ்வளவு பணத்தை எண்ணி வைத்தவர், காலித் துப்பாக்கியை வாங்கி ஒரு தடவை இழுத்துப் பார்க்கக் கூடாதா? சரி, போனது போகட்டும். ரைபிள் கிளப்பில் சேர்ந்து கனமான முதல் இழுப்பையே பழகுங்கள். கை பழகும்வரை சேம்பர் காலியாகவே இருக்கட்டும்.

கோட்டையூர் வாசகர்: தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பின்போது லைசென்ஸ் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுடலாமா?

பதில்: ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நாதஸ்வரம் போதும்.

தேவகோட்டை வாசகர்: ரிவால்வருக்குத் தோல் உறை வாங்கினேன். ஒரே வாரத்தில் வாய் தொளதொளவென்று மடங்கிவிட்டது. கடைக்காரர் பில்லைக் காட்டுகிறார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.'

பதில்: முதலில் அந்த உறையைத் தூக்கி வையுங்கள். மடங்கிய தோல் விளிம்பு டிரிகர் வளையத்துக்குள் நுழைந்தால், நீங்கள் உள்ளே அழுத்தும்போது அதுவே டிரிகரை அழுத்திவிடும். நல்ல உறையின் வாய் காலியாக இருந்தாலும் விறைத்து நிற்கும். டிரிகர் வளையம் முழுக்க மூடியிருக்கும்.

அப்புறம் அந்த வரி. அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வாங்கிய டிஜிட்டல் இரும்புப்பெட்டி, மேலே ஓங்கித் தட்டினால் எண்ணே போடாமல் திறந்தது. எடுத்துக்கொண்டு போனால் அங்கேயும் இதே வரி, ரப்பர் ஸ்டாம்பில். அந்த ஸ்டாம்ப் சட்டத்துக்கு மேலானதல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். திரும்ப வாங்கும் கெடு பில்லில் போடவில்லை என்றால் முப்பது நாள் கணக்கு. பில் தராமல் விற்பதும் முறையற்ற வணிகம்தான். கடைக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் ஏமாளி இல்லை. வெட்கப்பட வேண்டியவர் அவர்.

காரைக்குடி வாசகர்: 'லைசென்ஸ் தேவையில்லை, ஒரிஜினல் பிஸ்டல்' என்று செல்போனில் விளம்பரம். முன்பணம் அனுப்பினேன். ஆளைக் காணோம்.

பதில்: சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்து புகார் கொடுங்கள். பொருள் வராததற்குக் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடையுங்கள். வந்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்: பாட்டையா பர்மாவில் கொண்டுவிற்கப் போன காலத்துத் துப்பாக்கி ஒன்று பெட்டகத்தில் கிடந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் விலை கேட்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகனும் அனுப்பச் சொல்கிறான்.

பதில்: இரண்டு பேருக்கும் இப்போது கொடுக்காதீர்கள், ஆச்சி. ஆயுதச் சட்டத்தில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. உங்களுடையது அதில் அடங்குமா என்று சொல்ல வேண்டியவர்கள் அதிகாரிகள், விலை பேச வந்தவர் அல்ல. நூறு ஆண்டு தாண்டியிருந்தால் 1972 தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. டிரிகரைத் தொடாமல், உள்ளே மருந்து இருப்பதாகவே நினைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் எடுத்துப்போனால் ரசீது கேட்டு வாங்குங்கள். பர்மாப் பயணக் காகிதம், பழைய லைசென்ஸ் ஏதாவது அதே பெட்டகத்தில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.