சம்பளமில்லாத பியூன்

கேள்வி: என் மைத்துனர் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் தொழிலாளி. நெஞ்சுவலி என்று ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதற்கு வருமானச் சான்று கேட்டார்கள். கொடுத்தால், ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒரு பெயர் என்று திருப்பி அனுப்பினார்கள். நான்கு நாள் அலைச்சல். கடைசியில் தலைமைச் செயலகத்தில் இருக்கும் என் பழைய நண்பரிடம் சொன்ன பிறகு ஒரே மணி நேரத்தில் வேலை முடிந்தது. அரசு மருத்துவமனைகளைத் தனியாரிடம் ஒப்படைத்தால்தான் இந்த அதிகார வர்க்கம் ஒழியும். இதை எழுத உங்கள் பத்திரிகைக்குத் துணிவு உண்டா?

- ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர், தண்டையார்பேட்டை

பதில்: மைத்துனர் இப்போது வீட்டுக்குள் நடமாடுகிறார் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நிம்மதி. மருத்துவமனையின் பெயர், அங்கிருந்த எழுத்தரின் பெயர், அவருடைய சாதி, மூன்றையும் எழுதியிருந்தீர்கள். மூன்றையும் எடுத்துவிட்டேன். துணிவு இல்லாமல் அல்ல. அந்த நாற்காலியில் உங்கள் சொந்தத் தம்பியை உட்காரவைத்திருந்தாலும் அதே நான்கு நாள்தான் ஆகியிருக்கும்.

அலைந்தது நீங்கள் அல்ல, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மைத்துனர் மகன். அதையும் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். வார்டிலிருந்து காப்பீட்டு கவுன்டர், அங்கிருந்து இ-சேவை மையம், பிறகு வி.ஏ.ஓ., பாரிமுனைப் பக்கம் இன்னோர் அலுவலகம், திரும்பவும் வார்டு. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் காகிதம் கொண்டுபோகும் இந்த வேலைக்கு அரசாங்கத்தில் ஒரு பதவியே இருக்கிறது. முன்பு பியூன் என்றோம், இப்போது அலுவலக உதவியாளர் என்கிறோம். அதற்குச் சம்பளம் உண்டு, அகவிலைப்படி உண்டு. ஆஸ்பத்திரியில் மட்டும் அந்த உத்தியோகம், நோயாளி வீட்டில் யாருக்குக் கால் நன்றாக இருக்கிறதோ அவர் தலையில் விழுந்துவிடுகிறது.

நானும் பார்த்திருக்கிறேன் அந்த உத்தியோகம். சில வருடங்களுக்கு முன், அம்மாவுக்காக. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஸ்கேன் சீட்டில் பெரிய டாக்டர் கையெழுத்து வேண்டும். அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். கையெழுத்து கிடைத்தபோது சீல் இல்லை. சீல் வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். சீல் விழுந்ததும் ஜெராக்ஸ். வெளியே ஓடினால், ஜெராக்ஸ் கடைப் பையன் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு செட்டா எடுத்துக்கோண்ணா. கீழ ஒண்ணு கேப்பாங்க, மேல ஒண்ணு கேப்பாங்க" என்றான். அப்படியே நடந்தது. விசாரணை கவுன்டரில் இருந்தவரைவிட அவனுக்கு அந்த ஆஸ்பத்திரி அத்துப்படி. வார்டுக்கும் ஸ்கேன் கட்டடத்துக்கும் நடுவே முப்பதடி தூரம் இருக்கும். அந்த முப்பதடியைக் கடக்க அந்தக் காகிதத்துக்கு என் கால் தேவைப்பட்டது.

ஆனால் காகிதத்தையே ஒழி என்று சொல்ல மாட்டேன். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலம் முழுமைக்கும் சேர்த்து டெண்டர் விட்டு மருந்து வாங்கி, ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தேறியதைத்தான் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு மருந்து எடுத்தார்கள் என்று அதில் பதிவாகும். டெண்டர், பதிவேடு, முத்திரை, தணிக்கை என்று நீங்கள் ஒழிக்கச் சொல்லும் அத்தனையும் அதில் இருக்கிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றியதும் அதைத்தான். அந்தப் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு எந்த நோயாளியின் மகனும் கிடங்குக்கு ஓடியதில்லை என்பதைக் கவனியுங்கள்.

பாலாற்றங்கரையில் திருமுக்கூடல் கோயில் இருக்கிறது. அங்கே 11ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு ஒன்று, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது அந்தக் காலத்து ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், பணிப்பெண்கள், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் என்று சுத்தமான ஆபீஸ் பட்டியல். அதில் மூலிகை கொண்டுவர என்றே இரண்டு பேரை நியமித்து, அவர்களுக்கும் ஊதியம் எழுதியிருக்கிறார்கள். சோழன் நோயாளியின் மச்சானை அனுப்பவில்லை.

அதிகார வர்க்கம் ஒழிய வேண்டும் என்கிறீர்கள். நம் பக்கத்துக் கிழவிகள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது ஸ்டான்லியைத்தானே? (உங்கள் கடிதத்தில் இருந்தது வேறு ஆஸ்பத்திரி; யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) 1780களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. மணியக்காரர் யார்? ஊர்க் கணக்கும் வரியும் பார்க்கிற அதிகாரி. உங்களுக்கும் அந்த எழுத்தருக்கும் பெரியப்பா முறை.

பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். ஆதாரில் 'ஏழுமலை', ரேஷன் அட்டையில் 'ஏழுமல'. தட்டச்சு செய்தவர் விட்ட ஒரு 'ஐ'காரம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை தரும் திட்டம், ஒரு ஐகாரத்துக்காக நான்கு நாள் நின்றது. ஏன் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த எழுத்தர் பெயரைச் சரியென்று ஏற்றுக்கொண்டு அனுப்பியிருந்தால், பின்னாளில் தணிக்கைக்காரர் வந்து கேட்பார். பதில் எழுத வேண்டும், ஓய்வூதியக் கோப்பில் போய் உட்காரும். திருப்பி அனுப்பினால் அவரை யாரும் கேட்கப்போவதில்லை. தவறாகக் கொடுத்ததற்கு ஆடிட் உண்டு, தாமதமாகக் கொடுத்ததற்கு ஆடிட் கிடையாது. நீங்கள் கண்காணிப்பாளராக இருந்தபோது எத்தனை கோப்புகளில் 'பேசுக' என்று பச்சை மையிலோ நீல மையிலோ எழுதி இறக்கியிருப்பீர்கள்? எத்தனை பேரை 'உரிய வழியில் விண்ணப்பிக்கவும்' என்று அனுப்பியிருப்பீர்கள்? அந்தக் கோப்புகளுக்குப் பின்னாலும் யார் வீட்டுப் பையனோ பஸ் பிடித்துக்கொண்டிருந்தான்.

காகிதம் பின்னால் வரட்டும் என்று அரசு நினைத்தால் முடியும். 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். ஸ்கூட்டரில் போனவர் காரில் அடிபட்டுக் கிடக்கிறார். அருகிலிருந்த ஆஸ்பத்திரி, போலீஸ் கேஸ் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றுக்கு அனுப்புகிறது. வழியிலேயே உயிர் போய்விடுகிறது. உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, சட்ட நடைமுறை எதுவும் அதற்குக் குறுக்கே வரக்கூடாது என்றது தீர்ப்பு. இங்கே 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர், என்ன வருமானம் என்று பார்ப்பதில்லை. வேற்று மாநிலத்துக்காரருக்கும் அதே சிகிச்சை. அதற்காக அரசாங்கத்தின் கணக்கு வழக்கு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி மோதினால் ஒரு விதி, அதே ரோட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் வேறு விதி. கேட்க வேண்டிய கேள்வி இது. நீங்கள் கேட்டது தனியார்மயம்.

சரி, தனியார். தனியார் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் என்று காலையில் சொன்னால் வீட்டுக்குப் போக இருட்டிவிடும். பில் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து கேள்வி வந்து, அதற்கு டாக்டர் பதில் எழுதி, திரும்பப் போய், ஒப்புதல் வர வேண்டும். கவுன்டரில் ஏ.சி. இருக்கும், உட்கார சோபா இருக்கும், காத்திருப்பு அதேதான். இந்தத் தொல்லை பொறுக்காமல் 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே தலையிட்டது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் அனுமதி, டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் ஒப்புதல், தாமதத்தால் கூடுகிற செலவு காப்பீட்டுக் கம்பெனி தலையில் என்று விதி போட்டது. தாமதத்துக்கு விலை வைத்தார்கள் பாருங்கள். அதைப் போட்டது யார்? உங்கள் அதிகார வர்க்கம்தான்.

கடைசியாக அந்தத் தலைமைச் செயலக நண்பர். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, மன்னியுங்கள். ஆள் முகம் பார்க்காமல் விதியை மட்டும் பார்ப்பதுதான் அதிகார அமைப்பின் குணம் என்று ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வெபர் நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவைத்தார். வியாசர்பாடியிலிருந்து வரும் கைநாட்டுக்காரருக்கு அது குறை அல்ல, அது ஒன்றுதான் அவருக்குப் பிடிமானம். போன் போட அவருக்கு ஆள் கிடையாது. உங்கள் நண்பர் போன் செய்த அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மைத்துனர் கோப்பு மேலே வந்தது. மேலே வந்ததென்றால் எதுவோ கீழே போனது. அது யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் போன் போட்டிருப்பேன். அதைத் துணிவு என்று பத்திரிகையில் எழுதச் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னும் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது, உங்களைப் போல் கோப்பு தெரிந்தவர் செய்தால் நறுக்கென்று இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள்: இருதயச் சிகிச்சைக்கான காப்பீட்டு விண்ணப்பம் அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மேசை தாண்டுகிறது, மேசைக்கு எவ்வளவு நேரம் என்று விதி இருக்கிறதா, பெயரில் ஓர் எழுத்து மாறினால் திருப்பி அனுப்பச் சொல்லும் உத்தரவின் எண்ணும் தேதியும் என்ன, ஒரு வார்டிலிருந்து இன்னொரு கட்டடத்துக்குக் காகிதம் கொண்டுபோகும் பொறுப்பு எந்தப் பணியிடத்துக்கு உரியது. 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள், அப்படியே வெளியிடுகிறேன்.

இன்னொரு விஷயம். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு, உங்கள் கடிதத்தை இரண்டு பிரதிகளாக அனுப்பியிருந்தீர்கள். எங்களுக்கு ஒன்று போதும்.