எச்ஐவின்னு தெரிஞ்சதும் ராஜினாமா எழுதித் தரச் சொல்றாங்க, கையெழுத்து போடலாமா?

கேள்வி: வயசு 36, கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கு. 200 பேருக்கு மேல வேலை பாக்குற தனியார் கம்பெனில சூப்பர்வைசர். ஹெர்னியா ஆபரேஷனுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரில அட்மிட் ஆனப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எச்ஐவி டெஸ்ட் எடுத்திருக்காங்க, ரியாக்டிவ்னு வந்துடுச்சு. கூட வந்த சித்தப்பாகிட்ட வராண்டாவுல வச்சே சொல்லிட்டாங்க, ஆபரேஷன் இங்க முடியாதுன்னு டிஸ்சார்ஜும் பண்ணிட்டாங்க. இன்ஷூரன்ஸ் பேப்பர் வழியா விஷயம் எச்ஆருக்குப் போயி இப்ப "நீங்களே ராஜினாமா குடுங்க, மூணு மாச சம்பளம் தர்றோம், இல்லன்னா எல்லாருக்கும் தெரியவரும்"னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வருது. கிளெய்மும் ரிஜெக்ட் ஆயிடுச்சு. மனைவிகிட்ட இன்னும் சொல்லல. என்ன பண்றது சார்?

பதில்: கையெழுத்து போடாதீங்க தம்பி. மத்ததெல்லாம் அப்புறம்.

ஏன் இத முதல்ல சொல்றேன்னா, எச்ஐவி எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு சட்டம்னு 2017ல ஒண்ணு வந்துச்சு, 2018 செப்டம்பர் 10ல இருந்து அமல்ல இருக்கு. அதோட 3வது பிரிவுப்படி எச்ஐவி இருக்குங்கறதுக்காக ஒருத்தர வேலைய விட்டு எடுக்கணும்னா கம்பெனி ரெண்டு பேப்பர் அவர் கைல குடுக்கணும். ஒண்ணு, கம்பெனிக்கு சம்பந்தமில்லாத தகுதியான டாக்டர் எழுதின மதிப்பீடு, அதுல இவரால வேலை எடத்துல மத்தவங்களுக்குத் தொத்துற ஆபத்து கணிசமா இருக்குன்னோ இல்ல இந்த வேலைய செய்யற உடல்தகுதி இவருக்கு இல்லன்னோ இருக்கணும். இன்னொண்ணு, இவருக்கு ஏத்த மாதிரி வேலைய மாத்திக் குடுக்க முடியாத அளவுக்கு எங்களுக்கு நிர்வாகக் கஷ்டமோ பணக்கஷ்டமோ இருக்குன்னு கம்பெனியே எழுதித் தர்ற ஸ்டேட்மென்ட். பக்கத்துல உக்காந்தா, ஒரே டாய்லெட் போனா, கேன்டீன்ல ஒரே தட்டுல சாப்பிட்டா எச்ஐவி வராது, அப்புறம் ஒரு சூப்பர்வைசரால என்ன ஆபத்துன்னு எந்த டாக்டர் எழுதுவாரு? அது அவங்களுக்கும் நல்லாத் தெரியும். அதனாலதான் டிஸ்மிஸ் ஆர்டர் அடிக்காம உங்க கையாலயே எழுதி வாங்கப் பாக்குறாங்க. நீங்க ராஜினாமா குடுத்துட்டா அந்த ரெண்டு பேப்பருக்கும் வேலையே இல்ல, "அவரா போனாரு"ன்னு ஒரே வரில முடிச்சிடுவாங்க, மிரட்டித்தான் வாங்கினாங்கன்னு நிரூபிக்கிற சுமை உங்க தலைல விழும். மூணு மாச சம்பளத்துக்கு இது ரொம்ப மலிவான பேரம்.

இன்னிக்கே ஒரு மெயில் போடுங்க. எச்ஐவிங்கற வார்த்தையே அதுல வேணாம், "உடல்நிலையக் காரணம் காட்டி என்கிட்ட ராஜினாமா கேக்கப்பட்டிருக்கு, எனக்கு வேலைய விடற எண்ணம் இல்ல, வழக்கம்போல வேலைக்கு வர்றேன்" அவ்வளவு போதும். வாட்ஸ்அப் மெசேஜ அழிச்சிடாதீங்க, வெறும் ஸ்கிரீன்ஷாட்ட நம்பி போன எக்சேஞ்ச்ல போட்டுடாதீங்க. மின்னணு பதிவ கோர்ட்ல தாக்கல் பண்ண புதுசா வந்த சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தோட 63வது பிரிவுல சான்றிதழ் கேக்கும், அப்ப ஒரிஜினல் போன் உங்ககிட்ட இருக்கறது நல்லது.

அடுத்து, எனக்குக் கொஞ்சம் கோவமா இருக்கற விஷயம். உங்களுக்கு வந்தது ஒரு ஸ்கிரீனிங், அதாவது முதல்கட்ட சோதனையோட ரிசல்ட்தான், அத வச்சு எச்ஐவி உறுதின்னு சொல்லவே முடியாது, அதுக்குள்ள ஊர் பஞ்சாயத்து ஆரம்பிச்சாச்சு! அரசு ஆஸ்பத்திரில எச்ஐவி ஆலோசனையும் டெஸ்ட்டும் நடக்கற நம்பிக்கை மையம் இருக்கும், அங்க போங்க. வேற வேற கிட்ல மூணு டெஸ்ட் பாத்துதான் பாசிட்டிவ்னு முடிவு சொல்வாங்க, காசு கெடையாது, கவுன்சிலர் உக்காந்து பேசுவாங்க. உறுதின்னே வந்தாலும் வைரஸ அடக்குற ஏஆர்டி மாத்திரை 2004ல இருந்து அரசாங்கத்துல இலவசமா குடுக்குறாங்க, இப்ப சிடி4ங்கற நோய் எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவுன்னு பாத்துட்டுக் காத்திருக்கறதும் இல்ல, உடனே ஆரம்பிச்சிடுவாங்க. ஒழுங்கா எடுத்தா பெரும்பாலானவங்களுக்கு ஆறு மாசத்துல ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிடும், அந்த நிலை நீடிச்சா உடலுறவு மூலமா துணைக்குத் தொத்தாது. வக்கீலா எனக்கு இதுல ஒரு சுயநலமும் உண்டு, ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு காட்டுற அந்த வைரல் லோட் ரிப்போர்ட் கைல இருந்தா "இவரால ஆபத்து"ங்கற வாதம் நிக்கவே நிக்காது.

மனைவி விஷயம். இதுல நான் உங்க பக்கம் பேச மாட்டேன். கோர்ட் உத்தரவு இல்லாம உங்க விவரத்த சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாதுங்கறது எச்ஐவி சட்டத்தோட 8வது பிரிவு, சரிதான். ஆனா பாசிட்டிவ்னு தெரிஞ்சு கவுன்சிலிங்கும் வாங்கினவரு அடுத்தவருக்குப் பரவாம பாத்துக்கணும்னு 10வது பிரிவும் அதே சட்டத்துலதான் இருக்கு. தெரிஞ்சே பரப்பினா ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 271, 272ன்னு கிரிமினல் பிரிவும் இருக்கு. நீங்க சொல்லவே மாட்டீங்கன்னு டாக்டருக்கோ கவுன்சிலருக்கோ பட்டா, உங்களுக்கு எடுத்துச் சொல்லி, "நாங்க சொல்லப்போறோம்"னு முன்கூட்டியே தெரிவிச்சிட்டு மனைவிகிட்ட அவங்களே சொல்லலாம், 9வது பிரிவு அதுக்கு வழி விடுது. அதுக்கு முன்னாடி நம்பிக்கை மையத்துக்கு மனைவியயும் கூட்டிட்டுப் போங்க, கவுன்சிலர் முன்னாடி சொல்றது ரெண்டு பேருக்குமே நல்லது, அவங்களும் டெஸ்ட் எடுத்துக்கணும்ல. குழந்தைக்குப் பாக்கணுமாங்கறது அவங்க ரிசல்ட் பாத்து அங்கயே சொல்வாங்க. அதுவரைக்கும் ஆணுறை இல்லாம வேணாம்.

கவனிங்க, 9வது பிரிவு துணைக்கு மட்டும்தான். சித்தப்பா அந்தக் கணக்குலயே வரமாட்டாரு. அதனால ஆஸ்பத்திரி செஞ்சது மூணு தப்பு, சம்மதம் வாங்காம டெஸ்ட், வராண்டாவுல வெளியிட்டது, சிகிச்சைய மறுத்தது. அட்மிஷன்ல நீட்டின பொதுவான ஃபார்ம்ல நீங்க கையெழுத்து போட்டிருப்பீங்க, அதத்தான் அவங்க காட்டுவாங்க, ஆனா எச்ஐவி டெஸ்ட்டுக்கு முன்னாடி கவுன்சிலிங்கோட விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்கணும்னு சட்டம் கேக்குது. உங்க சிகிச்சை விவரம் இருக்கற கேஸ் ஷீட் காப்பிய இப்பவே எழுதிக் குடுத்து வாங்கி வையுங்க, லேட்டாச்சுன்னா பேப்பர் எப்படியெல்லாம் மாறும்னு சொல்லத் தேவையில்ல.

புகார எங்க குடுக்கறது? 100 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற நிறுவனத்துல, ஆஸ்பத்திரின்னா 20 பேர் இருந்தாலே, புகார் அதிகாரின்னு ஒருத்தர நியமிக்கணும். உங்க கம்பெனில அந்த அதிகாரியே மிரட்டுற எச்ஆரா இருந்தாலும் ஆச்சரியமில்ல, இருந்தாலும் எழுத்துல ஒரு புகார் குடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் வாங்கிக்கோங்க. அதுக்கு மேல, இந்தச் சட்டத்துல புகார விசாரிக்க மாநில அரசு நியமிக்கிற ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், பாகுபாடு, சிகிச்சை மறுப்பு ரெண்டையும் அவரே விசாரிப்பாரு, 30 நாளுக்குள்ள உத்தரவு போடணும். உத்தரவ மதிக்கலன்னா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், தொடர்ந்து மதிக்கலன்னா நாளுக்கு 5,000 வரைக்கும். பெரிய கம்பெனிக்கு இது கொசுக்கடிதான், ஆனா அந்த உத்தரவோட ஹைகோர்ட் போறதும் வெறுங்கையோட போறதும் ஒண்ணில்ல.

கேஸ் போட்டா பேரு வெளிய வந்துடுமேன்னுதான் நெறைய பேரு பின்வாங்குறாங்க. 34வது பிரிவுல புனைபெயர்ல வழக்கு நடத்தக் கேக்கலாம், மூடின அறைல விசாரிக்கக் கேக்கலாம். இந்தச் சட்டம் வர்றதுக்கு இருபது வருஷம் முன்னாடியே 1997ல எச்ஐவி இருந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு வேலைய மறுக்கக் கூடாதுன்னு பம்பாய் ஹைகோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு, அந்த வழக்கோட பேரே "எம்எக்ஸ் எதிர் இசட்ஒய்"தான், ரெண்டு தரப்புக்கும் வெறும் எழுத்து. "எல்லாருக்கும் தெரியவரும்"ங்கற மெசேஜப் பாத்துப் பயப்படாதீங்க, உங்க கேஸ்ல இருக்கற பெரிய ஆதாரமே அதுதான்.

கிளெய்ம் ரிஜெக்ட் ஆன கடிதத்துல என்ன காரணம் எழுதியிருக்குன்னு பாருங்க. ஹெர்னியாவுக்கும் எச்ஐவிக்கும் சம்பந்தமில்ல, காப்பீட்டுக் கணக்கியல் ஆய்வு (ஆபத்து எவ்வளவுன்னு புள்ளிவிவரத்தோட கணக்குப் போடறது) ஆதாரம் இல்லாம எச்ஐவியக் காட்டி இன்ஷூரன்ஸ மறுக்கறதும் அதே 3வது பிரிவுல பாகுபாடுதான். காரணமே போடலன்னா எழுத்துல கேளுங்க. வக்கீல் வைக்க வசதி இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல வருமான சான்றிதழோட கேட்டுப் பாருங்க, இலவச சட்ட உதவி எண் 15100க்கும் போன் பண்ணலாம். எச்ஐவி சம்பந்தமா வேற சந்தேகம்னா எச்ஐவி ஹெல்ப்லைன் 1097, அங்க பேரு சொல்ல வேண்டியதில்ல.