பிள்ளைகள் நூலைப் படமாக்கும்போது கதையை மாற்றலாமா?

கேள்வி: சிறுவயதில் விரும்பிப் படித்த சிறுவர் நூல்களைத் திரைப்படமாக எடுக்கும்போது கதையை இஷ்டம்போல் மாற்றிவிடுகிறார்கள். அது அந்த நூலுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

மாற்றுவதையே துரோகம் என்று நான் கருதுவதில்லை. ஊரை, பெயரை, காலத்தை, வேண்டுமானால் செருப்பின் நிறத்தைக்கூட மாற்றிக்கொள்ளட்டும். கதைக்குள் ஒரு பிள்ளை தன் புத்தியாலும் துணிவாலும் செய்து முடித்த காரியத்தைப் பிடுங்கிப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டால், அல்லது அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று ஆக்கிவிட்டால், எனக்குக் கோபம் வருகிறது. இந்த எண்ணத்துக்கு நான் வந்து சேர்ந்த வழி சற்றுச் சுற்றுவழி என்பதால் எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சித்தூர் மாவட்டத்து நகரியில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தறிக் கொட்டகையில் இரண்டும். 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போய்விட, நாங்கள் ஆந்திராவிலேயே இருந்துவிட்டோம். அப்பா நூல் வாங்கத் திருத்தணிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு 'அம்புலிமாமா' வாங்கி வருவார். பக்கத்து வீட்டுத் தோழிக்கு 'சந்தமாமா' வரும். இரண்டையும் திண்ணையில் அருகருகே விரித்து வைத்துப் பார்த்தால் ஓவியங்களும் ஒன்றாகவே இருக்கும், கதையும் ஒன்றாகவே இருக்கும், எழுத்து மட்டும் வேறு. 1947-இல் சென்னையிலிருந்து இரண்டு மொழிகளிலும் அந்த இதழைத் தொடங்கிய நாகி ரெட்டியும் சக்கரபாணியுமே பிறகு 'பாதாள பைரவி'யையும் (1951) 'மாயா பஜா'ரையும் (1957) இரு மொழிகளிலும் எடுத்தவர்கள் என்பதால், கதை தாளிலிருந்து திரைக்குப் போவதும் தமிழிலிருந்து தெலுங்குக்குப் போவதும் எங்களுக்கு அடுத்த தெருவுக்குப் போய்வருவதைப் போலத்தான் இருந்தன. எது அசல், எது நகல் என்னும் கேள்வி எங்கள் திண்ணையில் வெகுநாள் எழவேயில்லை.

அது எழுந்தது ஒரு படத்தால். எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊர்க் கொட்டகையில் 'லேத மனசுலு' என்னும் பழைய தெலுங்குப் படத்தைத் திரும்பப் போட்டார்கள். பிரிந்து வாழும் தாய் தந்தையரிடம் ஆளுக்கொருத்தியாக வளரும் இரட்டைப் பெண்கள், தற்செயலாகச் சந்தித்து, இடம் மாறிக்கொண்டு, பெற்றோரைச் சேர்த்து வைக்கும் கதை. அதை நான் திருத்தணியில் 'குழந்தையும் தெய்வமும்' என்ற பெயரில் முன்பே பார்த்திருந்தேன். இரண்டிலும் ஜமுனாதான் அம்மா, குட்டி பத்மினிதான் அந்த இரண்டு பெண்களும். கோழி ஒரு கூட்டிலும் சேவல் ஒரு கூட்டிலுமாக இருக்கக் குஞ்சுகள் தவிப்பதாக வரும் பாட்டை நான் பாடினால், தோழி தெலுங்குப் பாட்டை அதைவிட உரக்கப் பாடுவாள். எங்கள் படத்தைப் பார்த்துத்தான் உங்கள் படத்தை எடுத்தார்கள் என்று அவள் சொல்ல, நான் மறுக்க, பேச்சு முறிந்து நாலு நாள் தனித்தனியாகப் பள்ளிக்குப் போனோம். தமிழ்ப் படம் 1965-இலும் தெலுங்குப் படம் 1966-இலும் வந்தவை என்பது அப்போது தெரிந்திருந்தால் நான் வென்றிருப்பேன். ஆனால் அந்த வெற்றியும் நிலைத்திருக்காது. கிருஷ்ணன்-பஞ்சு இருவரும் இயக்கிய அந்தத் தமிழ்ப் படத்துக்கு 1961-இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'தி பேரன்ட் டிராப்' வழிகாட்டி. அந்த அமெரிக்கப் படத்துக்கோ ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1949-இல் வெளியிட்ட ஒரு சிறுவர் நாவல் மூலம். இவ்வளவும் எனக்குத் தெரியவந்தபோது நான் சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு நூலகத்தில் கைக்குக் கிடைத்தது. நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த கதை மியூனிக்கிலும் வியன்னாவிலும் நடந்த கதை என்று தெரிந்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அந்த நாவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாஜிகள் 1933-இல் நூல்களை எரித்தபோது எரிந்தவற்றுள் கெஸ்ட்னருடைய நூல்களும் இருந்தன. பெர்லினில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அதை அவரே பார்த்தார். எழுதக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டிருந்த போர்க் காலத்தில், இந்த இரட்டையர் கதையை அவர் முதலில் யோசித்ததே ஒரு திரைப்படத்துக்காகத்தான். படம் எடுக்க வழியில்லாமல் போனதால் போருக்குப் பிறகு அது நாவலாயிற்று; நாவல் மறுபடி 1950-இல் ஜெர்மன் படமாயிற்று. அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும், கதைசொல்லியாகக் குரல் கொடுத்தவரும் கெஸ்ட்னரே. ஆகவே 'நூல்தான் மூலம், படம் அதன் நிழல்' என்று அடித்துப் பேசுகிறவர்கள் இந்தக் கதையிடம் வந்தால் சற்றுத் தடுமாறத்தான் வேண்டும்.

நாவலில் வியன்னாவிலிருந்து வரும் லூயிஸ் சுருள் முடிக்காரி, துடுக்கானவள். மியூனிக்கிலிருந்து வரும் லாட்டெ பின்னல் போட்டவள், அடக்கமானவள். வேலைக்குப் போகும் அம்மாவுக்காகச் சமைப்பவள், வீட்டுக் கணக்கு எழுதுபவள். கோடை விடுமுறை இல்லத்தில் ஒருவரையொருவர் கண்டு திடுக்கிடும் இவர்கள், பகைத்து, நெருங்கி, உண்மையைக் கண்டுபிடித்து, இடம் மாறி ஊர் திரும்புகிறார்கள். அடுக்களைப் பக்கமே போயிராத லூயிஸ் மியூனிக்கில் அடுப்போடு போராடுகிறாள். லாட்டெ வியன்னாவில் தனக்குப் பிடிக்காத பதார்த்தத்தை, லூயிஸுக்கு உயிர் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரே காரணத்துக்காக, முகம் சுளிக்காமல் விழுங்குகிறாள். பெரியவர்கள் அனைவரும் ஏமாறும்போது, ஒரு மருத்துவரின் நாய் மட்டும் மோப்பம் பிடித்து இவள் வேறொருத்தி என்று தெரிந்துகொள்கிறது. நான் இந்த நூலில் பெரிதும் மதிப்பது வேறோர் இடம். மணமுறிவைப் பற்றிப் பிள்ளைகள் நூலில் எழுதலாமா என்று கேட்கக்கூடிய பெரியவர்களைப் பார்த்து, கதையை நிறுத்திவிட்டு ஆசிரியரே பேசுகிறார். பெற்றோர் பிரிந்ததால் துன்பப்படும் பிள்ளைகள் உலகில் ஏராளமாக இருக்கிறார்கள், பெற்றோர் பிரியாமல் இருப்பதால் துன்பப்படும் பிள்ளைகளும் ஏராளமாக இருக்கிறார்கள், அவர்கள் பட்டுக்கொண்டிருக்கும் துன்பத்தை அவர்களிடமே பேசாமல் இருப்பது தவறு என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இதை வைத்துக்கொண்டு 'குழந்தையும் தெய்வமும்' படத்தை மறுபடி பார்த்தேன். எவ்வளவோ மாறியிருக்கிறது. நாவலில் அப்பா இசைக் கலைஞர். கைக்குழந்தைகளின் அழுகையில் இசை எழுத முடியாமல் வேறிடம் தேடிப் போனவர். அம்மாவோ சின்ன வயது, ரோஷக்காரி. குற்றம் இருவர் மேலும் இருக்கிறது. தமிழில் அந்தக் குற்றம் முழுவதையும் வீட்டோடு மாப்பிள்ளையை எதிர்பார்க்கும் பணக்கார மாமியார் தலையில் ஏற்றிவிட்டார்கள். நம் சினிமாவுக்கு மாமியார் ஒரு வசதி. கணவனும் மனைவியும் நல்லவர்களாகவே இருந்துவிடலாம், சேர்ந்துகொள்வதும் எளிதாகிவிடும். கெஸ்ட்னர் தயங்காமல் சொன்னது இங்கே மழுங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் படத்தை நல்ல தழுவல் என்றே சொல்வேன். பெற்றோரைச் சேர்த்து வைப்பவர்கள் கடைசிவரை அந்த இரண்டு பெண்கள்தாம் என்பதே காரணம். திட்டம் அவர்களுடையது, பயம் அவர்களுடையது, மாட்டிக்கொண்டால் விளைவும் அவர்களுடையது. எங்கள் ஊர்த் தறிக்காரர் பேச்சில் சொல்வதானால், நீளவாக்கில் ஓடும் பாவு அதே பாவு, குறுக்கே ஓடும் ஊடை நூலைத்தான் மாற்றியிருக்கிறார்கள். மூன்று நாடுகளையும் நாலு மொழிகளையும் தாண்டி வந்த கதைக்கு அது பெரிய காரியம்.

இதே அளவுகோலால் வேறு சிலவற்றையும் பார்க்கலாம். 1900-இல் வந்த 'ஓஸ்' மந்திரவாதி நூலில், சூறாவளியில் சிக்கி ஓஸ் என்னும் மாய நாட்டுக்குப் போய்வரும் சிறுமி டோரத்தியின் காலணி வெள்ளி. 1939-இல் வந்த படத்தில், வண்ணப் படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காக அது சிவப்பாயிற்று. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தப் பயணம் முழுவதையும் தலையில் அடிபட்ட பெண்ணின் கனவாக்கிவிட்டார்கள். நூலில் அவள் திரும்பி வரும்போது, சூறாவளி அடித்துக்கொண்டு போன வீட்டுக்குப் பதிலாக மாமா புது வீடே கட்டி முடித்திருப்பார். அந்தப் புது வீடுதான் அவள் போய்வந்ததற்குச் சாட்சி. படத்தில் அந்தச் சாட்சியை அழித்துவிட்டார்கள். இவ்வளவு அழகான படத்தில் இப்படிச் செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓநாய்கள் வளர்த்த மனிதப் பிள்ளை மௌக்லியின் கதையும் அப்படித்தான். 1894-இல் வெளியான 'ஜங்கிள் புக்' நூலில், எருமை மேய்க்கும் சிறுவனாகிவிட்ட மௌக்லி, மந்தையை இரண்டாகப் பிரித்து, ஓநாய்களின் உதவியோடு இரு முனையிலிருந்தும் ஓட்டி, பள்ளத்தாக்கில் அகப்பட்ட புலி ஷேர் கானை மிதிபடச் செய்து கொல்கிறான். படிப்பு ஏறாத பிள்ளையை 'நீ எருமை மேய்க்கத்தான் லாயக்கு' என்று ஏசும் நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டிய இடம் இது. எருமை மேய்ப்பவன் அங்கே படைத்தலைவனாக நிற்கிறான். டிஸ்னியின் 1967-ஆம் ஆண்டுப் படத்தில் இடி விழுந்து மரம் எரிய, எரியும் கிளையைப் புலியின் வாலில் கட்டிவிடுகிறான், புலி ஓடிவிடுகிறது. பாட்டுகள் இனிமையானவைதாம், மறுக்கவில்லை. மௌக்லிக்கு ஆசானைப் போன்ற மலைப்பாம்பு காவை வில்லனாக்கியதைக்கூட மன்னித்துவிடலாம், எருமை மந்தையைக் காணாமல் அடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நூலாசிரியர் கோபித்துக்கொண்டால் படம் கெட்டுவிட்டது என்றும் பொருளல்ல. ரோல்ட் டாலின் சாக்லேட் தொழிற்சாலைக் கதை 1971-இல் படமானபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. நூலில், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வரும் ஐந்து பிள்ளைகளுள் ஒருவனான சார்லி நல்ல பிள்ளையாக இருக்கிறான். மற்றவர்கள் ஒவ்வொருவராக விலக, மிஞ்சுகிறவன் அவன் என்பதால் பரிசு அவனுக்கு. படத்தில் அவனும் ஒரு தப்புச் செய்கிறான், பரிசை இழக்கிறான், பிறகு விற்றால் பெரும்பணம் கிடைக்கக்கூடிய மிட்டாயைத் தானாகவே திருப்பி வைத்துவிட்டு நடக்கிறான். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த பையனுக்குப் படம் ஒரு செயலைக் கொடுத்தது. இந்த ஓரிடத்தில் நான் ஆசிரியர் பக்கம் இல்லை, படத்தின் பக்கம். நம் நாட்டில் ஒரு சிறுமியின் நீலக் குடையைப் பற்றிய ரஸ்கின் பாண்டின் கதையை விஷால் பரத்வாஜ் இந்தியில் எடுத்தபோதும் அப்படித்தான் நடந்தது. குடையைக் கைப்பற்றிய கடைக்காரர் அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவதும், மழையில் சாயம் கரைந்து ஊரே பார்ப்பதும் படத்தில் வரும். சாயம் தோய்ப்பதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்தக் காட்சியில் சிரிப்பும் இரக்கமும் ஒன்றாக வந்தன. ஆனால் முடிவில் குடையைத் தானே விட்டுக்கொடுத்து அந்த மனிதரை மீட்பவள் நூலைப் போலவே அந்தச் சிறுமிதான்.

கடைசியாக, இந்தப் பதிலை எழுதத் தூண்டிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன விடுமுறையில் ஒன்பது வயதுப் பேத்திக்கு டாலின் 'தி விட்சஸ்' நூலைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்துக் காட்டினேன். சூனியக்காரிகளால் எலியாக்கப்பட்ட சிறுவன் கடைசிவரை எலியாகவே இருந்துவிடுகிறான். எலியாகிவிட்ட நான் எத்தனை வருஷம் உயிரோடு இருப்பேன் என்று தன் பாட்டியைக் கேட்கிறான். ஒன்பது வருஷம் இருக்கலாம் என்கிறாள் அவள். பாட்டிக்கு வயது எண்பத்தாறு. அப்படியானால் இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே போய்விடலாம் என்று அவன் மகிழ்கிறான். படிக்கும்போது என் குரல் தடுமாறியது, அவள் கவனிக்காதவள் போல் இருந்தாள். அடுத்த வாரம் 1990-இல் வந்த படத்தைப் பார்த்தோம். அதில் மனம் திருந்திய ஒரு சூனியக்காரி வந்து அவனைச் சிறுவனாக மாற்றிவிடுகிறாள். (2020-இல் வந்த படத்தில் அவன் எலியாகவே இருக்கிறான் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.)

பேத்தி ஒன்றும் பேசவில்லை. படுக்கப் போகும்போது, "ஏன் ஆயா, அவன்தான் பரவாயில்லேன்னு சொல்லிட்டானே, அப்புறம் யார் கேட்டு மாத்தினாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தை எடுத்து அந்தக் கடைசிப் பக்கங்களை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். இந்தத் தடவை எலியின் பேச்சை அவள் சொல்ல, பாட்டியின் பேச்சை மட்டும் நான் சொன்னேன்.