கார்த்திகையில பார்த்த காடு சித்திரையில எப்படி இருக்கும்?

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. சென்னையில 19 வருஷம் இருந்துட்டு இப்ப கோவை சரவணம்பட்டியில வாடகைக்கு இருக்கோம். வீட்டுக்காரருக்கு வேலை வீட்ல இருந்தேதான், அதனால ரெண்டு ஏக்கர் வாங்கி அங்கயே குடி போயிடலாம்னு இருக்கோம். கோபி, உடுமலை, காங்கேயம்னு மூணு பக்கமும் புரோக்கர் காட்டினாரு. காங்கேயம் தாராபுரம் ரோட்டுக்கு உள்ள ஒரு இடம் ரொம்ப பிடிச்சுப்போச்சு, போன கார்த்திகையில பார்த்தோம், பச்சைப்பசேல்னு இருந்துச்சு. அந்தப் பக்கம் எங்களுக்கு சொந்தபந்தம் யாரும் இல்ல. மாமியாருக்கு 74 வயசு, பையன் ஆறாவது படிக்கறான். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஊரைப் பத்தி எப்படி தெரிஞ்சுக்கறது?
— ஒரு வாசகி, சரவணம்பட்டி

பதில்: அம்முணி, அட்வான்ஸ் இன்னும் குடுக்கலைங்கறதே எனக்கு நிம்மதியா இருக்குது. சித்திரையில அதே இடத்தைப் பார்க்காம குடுக்காதீங்க. நம்ம கொங்குச் சீமை மலைக்கு இந்தப் பக்கம் இருக்குது, ஆனி ஆடியில கேரளாவுல கொட்டற மழை நமக்கு வராது, பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்துதான் வரும். நம்ம மழையெல்லாம் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகைதான், சமவெளிக் காட்டுல (காடுன்னா எங்க ஊர்ப் பேச்சுல விவசாய பூமிதான்) வருஷம் முழுக்க சேர்த்தாலும் 600, 700 மில்லிமீட்டர்தான் ஏறக்குறைய. அதனால கார்த்திகையில போய் பார்த்தா மேய்ச்சல் விடற கொறங்காடு கூட கொழுக்கட்டைப் புல்லு மூடி பச்சையாத்தான் தெரியும். அதே காட்டை பங்குனி கடைசியில போய் நின்னு பாருங்க, கிளுவ வேலியும் வெள்வேல மரமும் மட்டும்தான் நிக்கும்.

நானும் கார்த்திகையில பார்த்துத்தான் மூணு ஏக்கர் கெரயம் பண்ணினேன். மோட்டார் போட்டுக் காட்டினப்ப ஒன்றரை இஞ்சு தண்ணி கொட்டுச்சு, மனசு நிறைஞ்சுபோச்சு, கால் மணி நேரம் பார்த்துட்டு வந்துட்டேன். பங்குனியில அதே போர் இருபது நிமிஷம் ஓடிட்டு காத்தா ஊதுச்சு. அப்புறம் ரெண்டு போர் போட்டேன், ஒண்ணு 900 அடி, இன்னொண்ணு ஆயிரத்தைத் தாண்டியும் வெறும் புகைதான் வந்துச்சு, அந்தக் கடனை அடைக்கவே ஆறு வருஷம் ஆச்சு. அதனாலதான் சொல்றேன், மோட்டாரை அஞ்சு நிமிஷம் போட்டுக் காட்டறதெல்லாம் கணக்கே இல்லைங்க. த்ரீ பேஸ் கரண்ட் வர்ற நேரம் பூரா ஓட விடச் சொல்லுங்க, தண்ணி எந்நேரத்துக்கு குறையுது, நின்னுட்டா மறுபடி ஊற எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு பாருங்க, அதையும் கோடையில பாருங்க. அக்கம்பக்கத்துத் தோட்டங்கள்ல எத்தனை போர் போட்டாங்க, எத்தனை வீணாப்போச்சுன்னு கேளுங்க, விக்கறவர் சொல்லாட்டியும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லுவாரு.

நீங்க சொன்ன மூணு பக்கமும் ஒரே மாதிரி பூமி இல்லைங்க. கோபி பக்கம் கொடிவேரி அணையில இருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாயுது, அது பழைய பாசனம், நெல்லு வயல், விலையும் அதுக்குத் தகுந்த மாதிரித்தான் இருக்கும். கீழ்பவானி வாய்க்கால்னு சொன்னா அது வேற, பவானிசாகர் அணையில இருந்து வர்றது, ரெண்டு லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணி பாயற நிலம், அதுல பாதிக்கு ஒரு போகம், மீதிப் பாதிக்கு அடுத்த போகம்னு முறை வச்சு விடறாங்க. வாய்க்காலுக்குக் கீழ இருக்கற பல கிணறுகள் அந்தக் கசிவுத்தண்ணியிலதான் பொழைக்குது, அதனாலதான் வாய்க்காலுக்கு காங்கிரீட் போடறதா வேண்டாமான்னு வாய்க்கால் கடைசியில இருக்கற கடைமடைக்காரங்க ஒரு பக்கமும் கசிவுத்தண்ணிக்காரங்க ஒரு பக்கமும் போராட்டம் பண்ணினாங்க. அங்க இடம் பார்த்தா இந்தக் கிணத்துக்கு ஊத்து எங்கிருந்து வருதுன்னு கேட்டே ஆகணும். உடுமலை பக்கம் பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம். நாலு மண்டலமா பிரிச்சு விடறதால ஒரு மண்டலத்துக்கு மறுபடி தண்ணி வர ரெண்டு வருஷம் ஆகும். காங்கேயம் வெள்ளகோவில் பக்கம் அதோட கடைமடை, தண்ணி வந்து சேரலைன்னு அங்கத்த விவசாயிகள் எத்தனை தடவை உண்ணாவிரதம் உக்காந்திருக்காங்க. புரோக்கர் "வாய்க்கால் பாசனம் இருக்குது"ன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடுவாரு. நீங்க எந்த மண்டலம், எந்த மடை, கடைசியா எப்ப தண்ணி வந்துச்சு, எத்தனை சுத்து வந்துச்சுன்னு கேளுங்க.

இன்னொண்ணு, எங்க ஊர்ப் பக்கம் தண்ணி இருக்கறதைத்தான் தோட்டம்னு சொல்லுவோம், மழையை நம்பி வானம் பார்த்த பூமின்னா காடு. நீங்க பார்த்தது தோட்டமா காடான்னு புரோக்கர்கிட்ட கேக்காதீங்க, ஆடு மேய்க்கறவங்ககிட்ட கேளுங்க.

அடுத்து காத்து. இது நிறைய பேருக்கு தோணறதே இல்லை. வைகாசி கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் மேக்கயும் தென்மேக்கயும் இருந்து காத்து அடிச்சுத் தள்ளும், உடுமலை தாராபுரம் பக்கம் அத்தனை காத்தாடி நிக்கறதே அதுக்குத்தான். உங்க காட்டுக்கு மேக்க ஒரு கறிக்கோழிப் பண்ணையோ நார் மில்லோ கல் குவாரியோ இருந்தா அந்த மூணு நாலு மாசம் வாடை, ஈ, தூசி எல்லாம் நேரா உங்க வாசலுக்குத்தான். அதுவே கிழக்க இருந்தா அவ்வளவு தெரியாது. புரோக்கர் கார்ல கண்ணாடியை ஏத்திட்டுப் போகாம நீங்களே ஒரு டூவீலர்ல சுத்துவட்டாரம் நாலஞ்சு கிலோமீட்டர் விடியால ஒரு தடவை, பொழுதோட ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போய்ப் பாருங்க. நொய்யல் ஓரம் எங்கயாச்சும் காட்டினா இன்னும் நல்லா விசாரிங்க. 1992-ல பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணையில திருப்பூர் சாயத்தண்ணி தேங்கி, சுத்தி இருந்த எத்தனையோ கிணறு கெட்டுப்போச்சு, 2011-ல ஹைகோர்ட்டே சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. பூமிக்குள்ள போன உப்பு அத்தனை சீக்கிரம் போறதில்லைங்க.

தடம் பத்தி ஒரு வார்த்தை. நம்ம பக்கம் ரெண்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரி வழியாத்தான் பாதிக் காட்டுக்குப் போகோணும். அந்த இட்டேரி சர்வே வரைபடத்துல பொதுத்தடமா இருக்குதா, இல்லை யாரோட பட்டா நிலத்துலயோ தாட்சண்யத்துக்கு விட்டிருக்காங்களான்னு எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், அதாவது அந்த நிலத்தோட சர்வே வரைபடம், வாங்கிப் பாருங்க. இன்னைக்கு வழி விடற மனுஷன் நல்லவரா இருக்கலாம், நாளைக்கு பாகம் பிரிஞ்சா அவர் பங்காளி முள்ளைப் போட்டு அடைச்சுடுவாரு. கிணறும் அப்படித்தான், நாலு பேருக்குப் பொதுவா இருக்கும், பத்திரத்துல எத்தனை பங்கு, எத்தனை நாளைக்கு ஒரு முறை, கரண்ட் சர்வீஸ் யார் பேர்லன்னு எழுத்துல இருக்கோணும். மத்தபடி 30 வருஷ வில்லங்கம், பட்டா, அ பதிவேடு எல்லாம் வக்கீல் பார்ப்பாரு. ஆனா காங்கேயம், தாராபுரம் பக்கம் இனாம் நிலம், கோயில் நிலம்னு பத்திரம் பதிய முடியாம நிறுத்தி வச்ச சர்வே நம்பர் நிறைய உண்டு, அதனால பதிவுத்துறை வெப்சைட்ல அந்த சர்வே நம்பருக்கு வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்கு அரசாங்கம் வச்ச விலை, என்ன போட்டிருக்குன்னு நீங்களே பாருங்க, சைபர்னு இருந்தா அங்கயே நின்னுடுங்க.

இப்ப முக்கியமானது. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் அந்த ஊர்லயோ பக்கத்து ஊர்லயோ வாடகைக்கு இருங்க. வருஷம் முடியாட்டி மாசி கடைசியில இருந்து ஆடி வரைக்குமாவது இருங்க, வெயில், தண்ணிப் பஞ்சம், காத்து மூணையும் பார்த்துடலாம். பையனை ஸ்கூல் பஸ்ல அனுப்பிப் பாருங்க, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு வந்து இறங்கறான்னு தெரியும். மாமியாருக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு முட்டுதுன்னா எந்த ஆஸ்பத்திரி, இட்டேரிக்குள்ள 108 வண்டி திரும்புமா, மழை பெய்ஞ்சா சேத்துல மாட்டுமா, இதெல்லாம் போன்ல விசாரிச்சுத் தெரியறது இல்லை. வீட்டுக்காரருக்கு நெட் வேணுமே, அந்தக் காட்டுலயே உக்காந்து ஒரு முழு நாள் வேலை பார்க்கச் சொல்லுங்க.

வாடகைக்கு வீடு கேட்டுப் போறப்ப "நீங்க என்ன ஆளுங்க"ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வி தப்புங்க, எனக்கு அதுல ரெண்டு கருத்தே கிடையாது, எங்க ஊர்க்காரங்களே வெக்கப்பட வேண்டிய விஷயம் அது. ஆனா எந்த ஊர்ல அது ஒரு வார்த்தையோட போகுது, எந்த ஊர்ல டீக்கடை வரைக்கும் கோயில் நோம்பி வரைக்கும் வருதுங்கறது காசு குடுக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியோணும், குழந்தை வளரப்போற இடமாச்சே.

கிராம சபைக் கூட்டம் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-னு வருஷத்துக்கு ஆறு தடவை நடக்கும். மே 1 கூட்டத்துக்குப் போய் ஓரமா உக்காருங்க. தண்ணி வரலைன்னு யார் எந்திரிச்சு சத்தம் போடறாங்க, குவாரிக்கு எதிரா மனு வருதா, உயர்மின் கோபுரம், கேஸ் பைப்லைன் எந்தக் காட்டு வழியா வருதுன்னு பேச்சு அடிபடுதா, எல்லாம் ஒரே இடத்துல காதுல விழும். அடுத்து அந்தப் பக்கத்து வாரச் சந்தைக்கு ரெண்டு மூணு வாரம் போங்க, என்ன காய் அந்த மண்ணுல விளையுதுன்னு சந்தையைப் பார்த்தே சொல்லிடலாம். சந்தையிலயும் டீக்கடையிலயும் நிலம் பார்க்க வந்திருக்கோம்னு சொல்லாதீங்க, விலை ஏறிடும். குடி வர்றோம், வீடு தேடறோம்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்லை.

கேள்வி: அண்ணா, சென்னிமலை பக்கம் ஒரு ஏக்கர் பார்த்திருக்கேன். போர்ல தண்ணி தாராளமா இருக்கு, ஆனா வாயில வச்சா உப்பா இருக்கு. வாங்கலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நாக்கை நம்பாதீங்க தம்பி, டெஸ்ட் குடுங்க. மோட்டார் கால் மணி நேரம் ஓடின பொறவு சுத்தமான பாட்டில்ல ஒரு லிட்டர் பிடிச்சு, கூடவே மண்ணும் எடுத்து, வேளாண்மைத்துறை ஆய்வுக்கூடத்துலயோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்துலயோ குடுங்க. ஈ.சி.ங்கற உப்பு அளவு (dS/m கணக்குல) 3-ஐ தாண்டிடுச்சுன்னா பெரும்பாலான காய்கறிக்கு ஆகாது, தென்னை தாங்கும். காய்கறி போட்டுப் பொழைக்கற எண்ணம்னா விட்டுடுங்க, தென்னையும் நாலு ஆடும் போதும்னா யோசிக்கலாம். எப்படியும் அந்தத் தண்ணியைக் குடிக்க முடியாது, அதனால காவிரிக் கூட்டுக் குடிநீர் பைப் அந்தக் காடு வரைக்கும் வருதான்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டுக்கங்க, ஊருக்குள்ள லைன் இருக்கும், காட்டுக்குள்ள இருக்கற வீட்டுக்கு, சாளைன்னு சொல்லுவோம், பல இடத்துல இருக்காது.