ஏஜென்ட்டின் பொறுப்பு விமான நிலையத்தோடு சரி

கேள்வி: அண்ணனுக்கு வயது 52. இரண்டு வருஷமாக வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். அண்ணியின் ரத்த குரூப் சேரவில்லை. பாகிஸ்தானில் மூன்றே வாரத்தில் கிட்னி மாற்றிவிடலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுப்பவரும் பணத்துக்காக விரும்பித்தான் கொடுக்கிறாராம். வீட்டை அடமானம் வைக்கலாமா, டாக்டர்?
— ஒரு வாசகி, கிள்ளான், மலேசியா

பதில்: வைக்காதீர்கள், அம்மா.

கிட்னி விற்பனையை 2007-லேயே தடை செய்த நாடு அது. அதனால் இந்த ஆபரேஷன்கள் ஒளிவுமறைவாகத்தான் நடக்கின்றன. 2023-ல் அங்கே பிடிபட்ட ஒரு கும்பல் 328 கிட்னிகளை எடுத்திருந்ததாக பஞ்சாப் மாகாண முதல்வரே சொன்னார். ஆபரேஷன் நடந்தது தனி வீடுகளில். மயக்க மருந்து கொடுக்க ஒத்தாசைக்கு நின்றவர் ஒரு கார் மெக்கானிக்!

நல்லபடியாகவே முடிந்தாலும், கிட்னி பிழைப்பது அதற்குப் பிறகு பார்க்கும் பார்வையில்தான் இருக்கிறது. உடல் அதை ஏற்கிறதா என்று கவனித்து, அதை ஏற்க வைக்கும் மருந்தின் அளவை ரத்தத்தில் பார்த்துப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இப்படிப் போய்வந்த ஒருவர் ஒருமுறை என்னிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், ஒற்றைத் தாளில் டிஸ்சார்ஜ் குறிப்பு. கொடுத்தவருக்கு என்னென்ன பரிசோதனை செய்தார்கள் என்று ஒரு வரி இல்லை. ஏஜென்ட்டின் போன் அணைந்திருந்தது. வளைகுடாவிலிருந்து பம்பாய்க்கு வந்து கிட்னி வாங்கிப்போன சிலருக்கு எச்.ஐ.வி.யும் சேர்ந்தே போன கதை 1980-களிலேயே நடந்ததுதான்.

'விரும்பிக் கொடுக்கிறார்' என்பதற்கு எங்கள் சென்னையே பதில் சொல்லும். கிட்னி விற்ற 305 பேரை 2001-ல் அங்கே விசாரித்தார்கள். நூற்றுக்கு 96 பேர் கடனுக்காக விற்றவர்கள். கடனை அடைக்க விற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்போதும் கடன் தீரவில்லை. உடம்பு முன்போல் இல்லை என்றவர்கள் 86 சதவீதம். அந்தக் 'கொடுப்பவர்' இப்படி ஒருவராகத்தான் இருப்பார்.

குரூப் சேராவிட்டாலும், ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருளை வடிகட்டிவிட்டு மாற்றும் முறை இப்போது உண்டு. அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் கேளுங்கள். இறந்தவர்களின் உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியலில் அண்ணன் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. கடிதத்தில் அண்ணி இருக்கிறார், ஏஜென்ட் இருக்கிறார், நீங்கள் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, பயம் எல்லோருக்கும் உண்டு. அண்ணனின் டாக்டரைத் தனியாகப் பார்த்து, உங்கள் கிட்னி அண்ணனுக்குப் பொருந்துமா என்று மட்டும் கேளுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். வீட்டில் யாருக்கும் சொல்ல மாட்டார்.