ஃபீல்ட் ஒர்க்ல "நாளைலருந்து வராத"ன்னு சொல்லிட்டா – வாசகர் கடிதம்

அக்கா வணக்கம்,

நான் மண்டபம் பக்கம். எம்எஸ்டபிள்யூ (முதுகலை சமூகப்பணி) செகண்ட் இயர். அப்பா விசைப்படகுக்கு கூலிக்குப் போறாரு, அம்மா கடல்பாசி எடுக்கப் போவாங்க. எங்க வீட்ல காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான். இந்த செமஸ்டர் ஒரு என்ஜிஓல ஃபீல்ட் ஒர்க் (களப்பயிற்சி) போட்ருந்தாங்க. பாசி எடுக்குற பொம்பளைங்க குழு, ஸ்கூல் நின்ன பிள்ளைங்கள திரும்பச் சேக்குறது, இதான் வேலை. மூணாவது மாசம் சூப்பர்வைசர் மினிட்ஸ் நோட்டக் கொடுத்து, நடக்காத கூட்டத்த நடந்ததா எழுது, பொம்பளைங்க கையெழுத்தையும் நீயே போட்ருன்னாங்க. மாட்டேன்னுட்டேன். அடுத்த வாரமே எங்க எச்ஓடிக்கு (துறைத் தலைவர்) போன் பண்ணி "அந்தப் பொண்ணுக்கு ஆட்டிட்யூட் சரியில்ல, நாளைலருந்து அனுப்பாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. இன்னொண்ணு, சென்டர்ல பிள்ளைங்களோட எடுத்த போட்டோவ ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தேன், அதையும் சொல்லிருக்காங்க. எச்ஓடி சார் என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. ஃபீல்ட் ஒர்க் ஃபெயில், அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட சேந்து பண்ணுன்னுட்டாரு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. வெளிநாட்டுலலாம் இப்படி அனுப்பிட்டா என்ன பண்ணுவாங்க? நான் படிப்ப விட்றவா?

பேர் போட வேணாம் அக்கா.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

படிப்ப விடாத. அத முதல்ல சொல்லிட்டு மத்ததுக்கு வர்றேன்.

நானும் இந்தக் கரைல ரொம்ப வருஷம் ஏஜென்சி (காலேஜ் பிள்ளைங்க ஃபீல்ட் ஒர்க் போற அமைப்பு) சூப்பர்வைசரா இருந்தவ, உன்ன மாதிரி பிள்ளைங்க ரிப்போர்ட்ல வாராவாரம் கையெழுத்துப் போட்டவ, ஒண்ணு ரெண்டு பேர இனிமே அனுப்பாதீங்கன்னு காலேஜுக்கு போன் போட்டவளும்தான். அதனால ரெண்டு பக்கமும் தெரியும். ஏஜென்சி ஒரு ஸ்டூடன்ட்ட வேணாம்னு சொல்றது அவங்க உரிமை. அங்க வர்ற ஜனங்களுக்கு அவங்கதான் பொறுப்பு, காரணம் சரியோ தப்போ, கதவ மூட அவங்களால முடியும். ஆனா அந்த ஸ்டூடன்ட் பாஸா ஃபெயிலான்னு சொல்ல வேண்டியது காலேஜ். நம்ம ஊர்ல இந்த ரெண்டும் ஒரே போன் கால்ல முடிஞ்சு போகுது, ஏஜென்சி போன வச்ச அடுத்த நிமிஷமே எச்ஓடி மார்க்கப் போட்டுட்டு உக்காந்துர்றாரு. உனக்கு நடந்தது அதான். அந்த என்ஜிஓ மேல இருக்குற கோவத்தவிட எனக்கு உன் காலேஜ் மேலதான் கோவம் ஜாஸ்தி.

போட்டோ விஷயத்த முதல்ல பேசிடுவோம், ஏன்னா அது உன் கடிதத்துல போற போக்குல "இன்னொண்ணு"ன்னு வந்துட்டுப் போகுது, நீ அத சின்ன விஷயமா நெனைக்கிறன்னு தெரியுது. சின்ன விஷயம் இல்லம்மா. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படுற பிள்ளைங்கள அடையாளம் தெரியற மாதிரி வெளிய காட்டக் கூடாதுன்னு சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 சொல்லுது, ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். உன் சென்டர் பிள்ளைங்க எல்லாரும் அதுக்குள்ள வருவாங்களா வரமாட்டாங்களான்னு வக்கீல் மாதிரி பாக்க வேணாம், நம்ம கடற்கர ஊருங்க எப்படின்னு பாரு. உன் ஸ்டேட்டஸ பாக்குறவங்க யாரு, உன் சித்தி, பக்கத்துத் தெரு அண்ணன், அந்தப் பிள்ளையோட அப்பா போற போட்டுல கூட வேலை பாக்குறவரு. பள்ளிக்கூடம் நின்ன பிள்ளைன்னு ஊருக்கே ஒரு ராத்திரில தெரிஞ்சு போகும். இதுக்கு உன்ன கூப்பிட்டு கண்டிச்சிருக்கணும், எழுதி வாங்கிருக்கணும், திரும்ப நடந்தா வெளியன்னு சொல்லிருக்கணும். ஆனா போட்டோவ நீ ஸ்டேட்டஸ்ல வச்ச அன்னிக்கு எதுவும் பேசாம, கையெழுத்து தகராறுக்கு அப்பறம் அத எடுத்து மேல போட்டாங்கன்னா, அங்கதான் எனக்கு இடிக்குது.

இப்ப கையெழுத்து. அந்த சூப்பர்வைசரோட நெருக்கடி எனக்குப் புரியாம இல்ல. மாசக் கடைசி, நிதி குடுக்குற டோனருக்கு ரிப்போர்ட் போகணும், இத்தன கூட்டம் நடத்துனோம்னு கணக்கு காட்டணும். கூட்டம் ஏன் நடக்கலன்னா, ஃபீல்ட் ஒர்க் எந்த ரெண்டு நாள்னு காலேஜ் டைம்டேபிள் சொல்லும், பாசிக்கு எப்பப் போறதுன்னு கடல் வத்தமும் ஏத்தமும் சொல்லும், ரெண்டும் ஒத்து வராது. மாசத்துல 12 நாள் மட்டும் பாசி எடுப்போம், மத்த நாள் கடல விட்ருவோம்னு அந்தப் பொம்பளைங்களே கூடிப் பேசி வச்சிருக்காங்க, உங்க அம்மாகிட்ட கேட்டா சொல்வாங்க. ஃபாரஸ்ட்டுகாரங்ககிட்ட திட்டும் அடியும் வாங்கி, தீவுப் பக்கம் போக விடாம பண்ணதுக்கு எதிரா சங்கமா நின்னு பேசுன பொம்பளைங்க அவங்க, பாம்பன் பக்கம் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015ல சீகாலஜிங்கற அமெரிக்க அமைப்பு பரிசு குடுத்ததே அப்படிக் கூட்டிச் சேத்த வேலைக்குத்தான். அவங்க பேர்ல நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதி கையெழுத்தும் நாமளே போடுறதுன்னா அது பித்தலாட்டம், வேற பேர் கிடையாது. நீ மாட்டேன்னது சரி. அது சரிங்கறதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

வெளிநாட்டுல என்ன பண்ணுவாங்கன்னு கேட்ருந்த. அமெரிக்காவுல சோசியல் ஒர்க் படிப்புக்கு அங்கீகாரம் குடுக்குற கவுன்சில் எம்எஸ்டபிள்யூக்கு குறைஞ்சது 900 மணி நேரம் ஃபீல்ட் ஒர்க் கேக்குது, இந்தப் படிப்போட உயிர்நாடியே ஃபீல்டுதான்னு 2008லயே எழுதி வச்சிட்டாங்க. அதனால ஃபீல்டுலருந்து ஒரு ஸ்டூடன்ட் வெளிய வந்தா அது பெரிய விஷயம். பொதுவா அங்க பிரச்சனைன்னு வந்தா முதல்ல மூணு பேரும், அதாவது ஸ்டூடன்ட், ஏஜென்சி ஆளு, காலேஜ் ஆளு, ஒரே மேசைல உக்காருவாங்க. என்ன சரியில்ல, எத எந்தத் தேதிக்குள்ள மாத்தணும்னு எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போடுவாங்க. அப்பறமும் சரியாகலன்னா வேற இடம், அங்கயும் அதே மாதிரின்னா ரிவ்யூ கமிட்டி, கடைசிலதான் படிப்ப விட்டே அனுப்புறது. கிளையன்ட்டுக்கு, அதாவது உதவி தேடி வர்ற ஆளுக்கு ஆபத்து, ரகசியத்த வெளிய விடறது, குடிச்சிட்டு வர்றது, தப்பா நடந்துக்கறது, இதுக்கெல்லாம் அந்தப் படியெல்லாம் கிடையாது, அன்னிக்கே வெளிய. ஏஜென்சி பக்கம் கோளாறுன்னா, சூப்பர்வைசரே இல்ல, வேலையே குடுக்கலன்னா, அது ஸ்டூடன்ட் கணக்குல ஏறக் கூடாது.

அங்கயும் எல்லாம் ஸ்டூடன்ட்டுக்குச் சாதகம்னு நெனச்சிறாத. மிசௌரில ஒரு மெடிக்கல் ஸ்டூடன்ட்ட, ஹாரோவிட்ஸ்னு பேரு, நோயாளிங்ககிட்ட நடந்துக்கற விதம் சரியில்லன்னு கடைசி வருஷத்துல அனுப்பிட்டாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1978ல கோர்ட் காலேஜ் பக்கம்தான் சொல்லுச்சு, படிப்பு சம்பந்தமான முடிவுல வாத்தியாருங்க சொல்றதுதான், கோர்ட் மாதிரி விசாரணை வைக்கத் தேவையில்லன்னு. ஆனா அந்தக் காலேஜ் அதுக்கு முன்னாடி என்ன பண்ணிருந்துச்சுன்னு பாரு. முன்கூட்டியே பலதடவ சொல்லிருக்காங்க, தனியா ஏழு டாக்டருங்ககிட்ட அனுப்பி அவங்க அபிப்பிராயம் வாங்கிருக்காங்க, அப்பறம்தான் முடிவு. உனக்கு நடந்தது ஒரு போன் கால். இங்கிலாந்துல 2019 டிசம்பர்லருந்து சோசியல் ஒர்க் இங்கிலாந்துன்னு தனியா ஒரு ரெகுலேட்டரே இருக்கு, படிச்சு முடிச்சா அங்க பேர் பதிஞ்சாத்தான் அந்த வேலைல இருக்க முடியும். தப்பான ஆளு படிப்பத் தாண்டிட்டாலும் அங்க இன்னொரு கதவு இருக்கு.

நம்ம நாட்டுல எல்லா சோசியல் ஒர்க்கருக்குமா அந்தக் கதவு கிடையாது. பம்பாய்ல 1936ல டாடா ஸ்கூல் ஆரம்பிச்சதுலருந்து இந்தப் படிப்பு நடக்குது, மெட்ராஸ்ல 1952லருந்து நடக்குது, தேசிய கவுன்சிலுக்கு 1993லயே ஒரு மசோதா வரைவு எழுதினாங்க, டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருக்குற மாதிரி எல்லா சோசியல் ஒர்க்கருக்குமான பதிவு இன்னிக்கு வரைக்கும் வரல. அப்ப யாரு இந்த வேலைக்கு லாயக்குன்னு சொல்றது காலேஜ் ஒண்ணுதான். அதனால எல்லாரையும் பாவம் பிள்ளைன்னு பாஸ் போட்டு அனுப்பவும் என்னால ஒத்துக்க முடியாது. நான் பாத்ததுலயே மோசமானது ஃபெயில் போடுறது இல்ல, சத்தமில்லாம இடம் மாத்தி விட்றது. ஒரு பையன் வீட்டு விசிட்ல பொம்பளைங்ககிட்ட கண்டபடி பேசுறான்னு ஒரு ஏஜென்சி அனுப்பும், காலேஜ் அவன தூக்கி இன்னொரு ஏஜென்சில போடும், ஏன் வந்தான்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாது. உனக்கு ஒரு கேள்வி கூடக் கேக்காம ஃபெயில், அவனுக்கு ஒரு கேள்வி கூடக் கேக்காம பாஸ். ரெண்டும் ஒரே சோம்பேறித்தனத்துலருந்து வர்றதுதான்.

சோம்பேறித்தனம்னு மட்டும் சொன்னா எச்ஓடிக்கு நியாயம் பண்ணலதான், பயமும் இருக்கு. ஏஜென்சிக்கு காலேஜ் காசு எதுவும் குடுக்கறதில்ல, எல்லாம் முகத்தாட்சண்யத்துல ஓடுது. நம்ம பக்கம் ஏஜென்சியே கம்மி. 2020ல வெளிநாட்டு நிதிச் சட்டத்த மாத்துனாங்க பாரு, நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, வாங்குன நிதிய இன்னொரு அமைப்புக்குக் குடுக்கவும் கூடாதுன்னு, பெரிய என்ஜிஓகிட்ட வாங்கி ஓட்டிட்டிருந்த சின்ன அமைப்புங்களுக்கு அது பலத்த அடி. இருக்குற ரெண்டு மூணையும் பகைச்சுக்கிட்டா அடுத்த வருஷம் பிள்ளைங்கள எங்க போடறதுன்னு அவருக்குக் கவலை. புரியுது. ஆனா அந்தக் கவலைய ஒரு பொண்ணோட மார்க் ஷீட்ல எழுதக் கூடாது.

இன்னொண்ணையும் காலேஜ்காரங்க யோசிக்கணும். நம்ம ஏர்வாடில 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலம் மனநலக் காப்பகம்னு சொல்லிக்கிட்ட கொட்டகை தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க, சங்கிலில கட்டி வச்சிருந்ததால ஓட முடியல. அந்தச் சங்கிலி ஒண்ணும் ரகசியம் இல்ல, வர்றவங்க போறவங்க எல்லாரும் வருஷக்கணக்கா பாத்ததுதான். இப்ப 2017 மனநலச் சட்டம் எந்த வகைலயும் சங்கிலி போடக் கூடாதுன்னு சொல்லுது, அது வேற. நான் சொல்ல வர்றது, ஒரு இடத்துல பழகிப் போனவங்க கண்ணுக்குப் படாதது புதுசா வந்த ஸ்டூடன்ட் கண்ணுக்குப் படும். அத வந்து சொன்னா "ஆட்டிட்யூட்"னு அனுப்பிட்டா, அடுத்த பேட்ச்சுல எவளும் வாயத் திறக்க மாட்டா, ரிப்போர்ட்ல "நல்ல அனுபவமாக இருந்தது"ன்னு எழுதிட்டுப் போய்டுவா.

சரி, நீ இப்ப என்ன பண்ணணும்.

உன் ஃபீல்ட் ஒர்க் ரிப்போர்ட் ஃபைல எடு. வாராவாரம் அந்த சூப்பர்வைசர் கையெழுத்து இருக்கும், சில சமயம் "குட்"னு எழுதிருப்பாங்க. மூணு மாசமா "குட்"னு எழுதிட்டு திடீர்னு ஆட்டிட்யூட் சரியில்லன்னா அது அந்த ஃபைல்லயே தெரியும், உன்கிட்ட இருக்குற பெரிய ஆதாரம் அதான், ஜெராக்ஸ் போட்டு வச்சுக்க. அப்பறம் எச்ஓடிக்கு ஒரு கடிதம் எழுது, ஒரு காப்பி பிரின்சிபாலுக்கு. வாட்சப்ல வேணாம், ஈமெயில்ல அனுப்பு, இல்ல கைல குடுத்து சீல் போட்டு வாங்கு. போட்டோ விஷயத்த நீயே முதல்ல எழுது, எப்ப வச்ச, எப்ப எடுத்த, தப்புன்னு எழுது, அவங்க சொல்லித் தெரியக் கூடாது. அடுத்து கையெழுத்து விஷயம், தேதியோட, கோவத்தக் கொட்டாம, யாரு என்ன சொன்னாங்க நீ என்ன சொன்னன்னு மட்டும். கடைசில நீ கேக்க வேண்டியது: ஏஜென்சி சொன்ன காரணம் எழுத்துல வேணும், மூணு பேரும் உக்காந்து பேசணும், இதுவரை முடிச்ச மணி நேரத்த கணக்குல எடுத்துக்கிட்டு மீதிய வேற இடத்துல முடிக்க விடணும். ஃபீல்ட் ஒர்க் அரியர் எழுதி கிளியர் பண்ற பேப்பர் இல்ல, அதனால இந்த மூணாவது கேள்விய விட்றாத.

எங்க போடறதுன்னு அவர் கேப்பாரு, நீயே இடம் சொல்லு. ராமநாதபுரத்துல மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கு, பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர் இருக்கு, ஜிஎச்ல மாவட்ட மனநலத் திட்டம் இருக்கு. கவர்மென்ட் இடம்னா அந்த என்ஜிஓவ பகைச்சுக்கற பயமும் அவருக்குக் குறையும்.

ஒண்ணும் நடக்கலன்னா யுஜிசியோட 2023 விதிமுறைப்படி உங்க காலேஜ்ல மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கணும். அதுல எழுதிக் குடுத்தா முடிஞ்ச வரை 15 வேலை நாளுக்குள்ள அவங்க அறிக்கை குடுக்கணும், அது உனக்குச் சரியாப் படலன்னா அடுத்த 15 நாளுக்குள்ள பல்கலைக்கழக ஓம்பட்ஸ்பர்சன்கிட்ட (குறை கேக்குற அதிகாரி) அப்பீல் போலாம். இப்பவே அங்க ஓடாத, முதல்ல எச்ஓடிக்கு ஒரு வாய்ப்பு குடு. கோவத்துல ஸ்டேட்டஸ் கிஸ்டேட்டஸ் எதுவும் வச்சிறாத, ஏற்கனவே ஒண்ணு போதும். இத மாதிரி பிளேஸ்மென்ட்ல வேற மாதிரி தொந்தரவு, அதாவது ஆம்பள சூப்பர்வைசர் தப்பா நடந்துக்கற மாதிரி விஷயம் யாருக்காச்சும் நடந்தா, இத வாசிக்கிற மத்த பிள்ளைங்களுக்கும் சேத்துச் சொல்றேன், யுஜிசியோட 2015 பாலியல் துன்புறுத்தல் விதிமுறைல இன்டர்ன்ஷிப், கேம்ப், ஃபீல்ட் போற இடம் எல்லாமே கேம்பஸ் கணக்குதான். வெளிய நடந்ததுன்னு காலேஜ் கை கழுவ முடியாது.

கடிதத்துல ஒரு விஷயம் மட்டும் நீயும் எழுதல, உங்க எச்ஓடியும் யோசிச்சிருக்க மாட்டாரு. நீ கேஸ் ஒர்க்குக்கு எடுத்திருந்த பிள்ளைங்க இருப்பாங்கல்ல, திரும்ப ஸ்கூல்ல சேக்குறேன்னு அவங்க வீட்ல உக்காந்து பேசிருப்ப. நீ நின்னுட்டன்னு அவங்ககிட்ட யாரு சொன்னா? டிசி வாங்குனியா, ஹெச்எம்ம பாத்தியா, எதுவரைக்கும் வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? நீயா அந்த வீட்டுக்குப் போயிறாத, இப்ப உனக்கு அந்த அனுமதி இல்ல, ஊர்க்காரின்னாலும் இல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலை எங்க நிக்குது, அடுத்து யாரப் பாக்கணும்னு ஒரு பக்கம் எழுதி, உன் ஃபேகல்டி சூப்பர்வைசர் (காலேஜ்ல உன் ஃபீல்ட் ஒர்க்க பாத்துக்கற வாத்தியார்) மூலமா அந்த ஏஜென்சிக்கே அனுப்பு. உன்ன அனுப்புனவங்கதான், இருந்தாலும் அனுப்பு. உன் கடிதத்தோட இதையும் வைக்கணும்னு சொல்லல, இது தனி, ஆனா முதல்ல முடிக்க வேண்டியது இதத்தான்.

அம்மாகிட்ட இன்னிக்குச் சொல்லிரு. மினிட்ஸ் நோட்டு கதைய அவங்க உன்னவிட நல்லாவே புரிஞ்சுப்பாங்க. கடிதம் எழுதிட்டு காலேஜ் பேரு, ஏஜென்சி பேரு எல்லாத்தையும் அடிச்சிட்டு எனக்கு ஒரு காப்பி அனுப்பு, குடுக்கறதுக்கு முன்னாடி ஒருதடவ பாத்துத் தர்றேன்.

அன்புடன்,
அக்கா